த்ரில்லர் குறும்படம் யாருக்கு? விஸ்காம் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ‘இலக்குப் பார்வையாளர்’ என்ற தலைப்பின் கீழே பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ‘15 முதல் 35 வயது வரை, த்ரில்லர் பிடித்த அனைவரும்.’ இந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு ஷாட்டைக்கூட முடிவு செய்ய முடியாது. அந்த வயதுக்குள் பிளஸ் ஒன் மாணவியும் இருக்கிறாள், பிள்ளையை எல்கேஜியில் சேர்க்க அலையும் தகப்பனும் இருக்கிறார். இருவரும் ஒரே இடத்தில் பயப்பட மாட்டார்கள்.

நகைச்சுவைப் படமென்றால் இந்தத் தவறு ஓரளவு மறைந்துவிடும். பார்ப்பவருக்கு என்ன தெரியும், எது தெரியாது, யாருக்காகப் பதறுவார் என்பதில்தான் த்ரில்லரே நிற்கிறது. இரவு ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி வேனில் வந்து, பல்லடம் பக்கம் ஒரு ஸ்டாப்பில் தனியாக இறங்கும் பெண்ணின் கதை என்று வைத்துக்கொள்வோம். ஹாஸ்டலில் இருக்கும் 19 வயதுப் பெண் பார்த்தால், பின்னால் வரும் பைக்கிலிருந்து இவள் தப்புவாளா என்பதுதான் பதற்றம். 45 வயதுத் தாய்க்கோ, மகளின் போன் ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று வரும்போதே வயிறு கலங்கிவிடும். முதல் ஆளுக்குக் கேமரா ரோட்டில் இருக்க வேண்டும். இரண்டாம் ஆளுக்கு வீட்டுத் திண்ணையில். இதைத் தேர்ந்தெடுக்காமல் ஷூட்டிங் போனால் இரண்டிலும் பாதிப் பாதி எடுத்து வருவீர்கள், எடிட்டிங்கில் ஒட்டாது.

அதனால் ரிப்போர்ட் எழுதும்போது அல்ல, ஸ்கிரிப்ட் லாக் ஆவதற்கு (இனி மாற்றமில்லை என்று முடிவாவதற்கு) முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். யார், எங்கே, எந்த நேரத்தில், எந்தத் திரையில், யாரோடு என்று ஐந்தையும் எழுதுங்கள். உதாரணமாக: ‘கோவை சரவணம்பட்டியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் 22 முதல் 26 வயது ஐடி ஊழியர், இரவு பத்து மணிக்கு மேல், மொபைலில், ஹெட்போனோடு, தனியாக.’ இவ்வளவு எழுதியதுமே நீளம் 10 நிமிடத்துக்குள் என்பதும், முதல் அரை நிமிடத்துக்குள் ஏதாவது நடந்தாக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

திரை எது என்பதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. த்ரில்லர் என்றாலே அடியில் ஒரு கனத்த ‘ம்ம்ம்’ ஒலி போடுவது வழக்கம். அது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் மொபைல் ஸ்பீக்கரில் அநேகமாகக் கேட்கவே கேட்காது. அங்கே உங்கள் பதற்றக் காட்சி ஊமைப்படம். ஹெட்போன் போடாத ஆட்களும் உங்கள் இலக்கில் இருந்தால் ஃபேன் கிறீச்சிடுவது, தறிச்சத்தம், தகரக் கதவு உரசுவது போன்ற மேல்ஸ்தாயி ஒலியை அதோடு சேருங்கள். கல்லூரி செமினார் ஹால் புரொஜெக்டர்தான் திரை என்றால் சிக்கல் வேறு. ஜன்னல் திரையை முழுதாக மூடாத ஹாலில் இருட்டுக் காட்சி சாம்பல் நிறமாகிவிடும். எக்ஸ்போர்ட்டுக்கு முன் அந்தத் திரையிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கூகுள் ஃபார்ம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘உங்களுக்கு த்ரில்லர் பிடிக்குமா?’ என்று கேட்டால் எல்லோரும் பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள். கேட்பது நண்பன் ஆயிற்றே! விருப்பத்தைக் கேட்காமல் பழக்கத்தைக் கேளுங்கள். கடைசியாக எந்த த்ரில்லர் பார்த்தீர்கள், எதில் பார்த்தீர்கள், யாரோடு, எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், ஏன். இலக்குக் கூட்டத்திலிருந்து 12 பேரிடம் நேரில் பத்து நிமிடம் பேசினாலே நூறு ஃபார்மை விட அதிகம் தேறும். திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள்தான் இலக்கென்றால் சனிக்கிழமை மாலை போகாதீர்கள். அது வாரச் சம்பள நாள், கடைவீதிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள். ஞாயிறு பகலில் போங்கள். அவர்களில் வட மாநிலத்தவரும் ஏராளம் என்பதால், சப்டைட்டில் வேண்டுமா என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

உள்ளூர்க்காரருக்கா, வெளியூர்க்காரருக்கா?

கொங்குப் பக்கம் எடுக்கும் படங்களில் அதிகம் குழம்புவது இங்கேதான். தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் வயதான தம்பதி என்றதுமே காங்கேயத்துக்காரருக்கும் கொடுமுடிக்காரருக்கும் பயம் வந்துவிடும். அப்படிப்பட்ட வீடுகளில் நடந்த கொலைகளைச் செய்தியில் படித்த ஊர் இது. அவர்களுக்கு இரண்டு நிமிட முன்னுரை வீண். நாய் குரைப்பது சட்டென்று நின்றால் போதும். சென்னைக்காரருக்கு அடுத்த வீடு எவ்வளவு தூரம் என்றே தெரியாது. தென்னைகளுக்கு நடுவே அந்த ஒற்றை வீட்டை ஒரு வைட் ஷாட்டில் காட்டாமல் பயம் பிறக்காது. (நிஜ வழக்கின் வீடு, பெயர், காயம் எதையும் அப்படியே எடுக்காதீர்கள். அந்தக் குடும்பத்தின் உறவினரும் உங்கள் பார்வையாளர் கூட்டத்தில் இருக்கக்கூடும்.)

பேச்சும் அப்படித்தான். கவுண்டமணி, கோவை சரளா காலத்திலிருந்து சினிமா கொங்குப் பேச்சைப் பெரும்பாலும் சிரிப்புக்கே பயன்படுத்தியிருக்கிறது. வெளியூர்க்காரர் அதைக் கேட்டதும் சிரிக்கத் தயாராகிவிடுவார். உள்ளூர்க்காரருக்கோ, ‘வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க’ என்று மரியாதை குறையாமல் மிரட்டும் ஆள்தான் உண்மையாகவே பயம் காட்டுவார். இலக்கு வெளியூர் என்றால் வில்லன் வாயில் வட்டார வழக்கைக் குறைப்பதே நல்லது. இலக்கு உள்ளூர் என்றால் குறைக்கவே கூடாது.

சான்றிதழையும் பார்வையாளரையும் குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யுஏ (சிறுவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம்) பிரிவு 7+, 13+, 16+ என மூன்றாகியிருக்கிறது. படம் யாருக்குத் தகும் என்பதை அது சொல்லும். யார் விரும்பிப் பார்ப்பார்கள் என்பதைச் சொல்லாது. யூடியூபில் நேரடியாகப் போடும் குறும்படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் கிடையாது. ஆனால் ரத்தக் காட்சி அதிகமானால் யூடியூபே வயதுக் கட்டுப்பாடு போட்டுவிடலாம்; பிறகு 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பார்க்க முடியாது. பிளஸ் டூ மாணவர்களைக் குறிவைத்து எடுத்த படத்தில் கழுத்தறுக்கும் குளோசப் வைத்தால் குறிவைத்த ஆட்களையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது போலத்தான். அவர்களுக்கான படத்தை மார்ச் மாதப் பொதுத்தேர்வு நேரத்தில் வெளியிடுவதும் வீண். உங்கள் புராஜெக்டுக்கு மதிப்பெண் போடும் தேர்வாளரும் குறும்பட விழா நடுவரும் உங்கள் இலக்கு அல்ல. அது வேறு கணக்கு.

சோதனைத் திரையிடல் வைப்பவர்கள் குறைவு, வைப்பவர்களும் கெடுத்துக்கொள்கிறார்கள். இயக்குநர் முன்னால் நின்று ‘கிளைமாக்ஸில் ஒரு ட்விஸ்ட் இருக்கு’ என்று சொல்லிவிட்டால் எல்லோரும் துப்பறியத் தொடங்கிவிடுவார்கள். இலக்கு வயதில், உங்களுக்குப் பழக்கமில்லாத எட்டுப் பேரைக் கூப்பிடுங்கள். எதுவும் சொல்லாமல் போடுங்கள். குற்றவாளி தெரியவரும் காட்சிக்குச் சற்று முன் நிறுத்தி, யார் மீது சந்தேகம், எந்தக் காட்சியில் வந்தது என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். பேசவிட்டால் முதலில் பேசுபவரின் பதிலே எல்லோருடைய பதிலாகிவிடும். எட்டுப் பேரும் கண்டுபிடித்துவிட்டால் துப்பு தூக்கலாகத் தெரிகிறது. ஒருவரும் கண்டுபிடிக்காமல், முழுதாகப் பார்த்த பிறகும் ‘ஆமா, அங்கேயே காட்டினாங்களே’ என்று யாரும் சொல்லவில்லை என்றால் துப்பு புதைந்துபோயிருக்கிறது. இரண்டு மூன்று பேர் கண்டுபிடித்தால் சரியான இடம். எந்த நிமிடத்தில் யார் போனை எடுத்தார் என்பதையும் பின்வரிசையிலிருந்து ஒருவர் குறித்துக்கொள்ளட்டும்.

வெளியிட்ட பிறகு மொத்த வியூஸ் எண்ணிக்கையைப் பார்த்துப் பெருமைப்படுவதில் பயனில்லை. யூடியூப் ஸ்டுடியோவில் வயதுப் பிரிவைப் பாருங்கள் (வியூஸ் மிகக் குறைவாக இருந்தால் அது காட்டாது). 18–24 வயதுக்கு எடுத்த படத்தில் 45–54 கோடு உயர்ந்திருந்தால், சித்தப்பாவும் பெரியம்மாவும் குடும்பக் குழுக்களில் ஃபார்வர்ட் செய்திருக்கிறார்கள் என்றே பெரும்பாலும் அர்த்தம். அதே ஸ்டுடியோவில் ரிடென்ஷன் கோடு (எந்த நிமிடம் வரை எத்தனை பேர் தொடர்ந்து பார்க்கிறார்கள் என்பதைக் காட்டுவது) எங்கே சரிகிறது என்று பார்த்து, சோதனைத் திரையிடலில் போனை எடுத்த நிமிடங்களோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் சுணக்கம் அந்தக் காட்சியில்தான். ஒத்துப்போகவில்லை என்றால் சோதனைக்குக் கூப்பிட்ட எட்டுப் பேரும் உண்மையில் படத்தைப் பார்த்தவர்களும் வேறு வேறு ஆட்கள்.