பனிமலையில் மோட்டார்ஹோம்: பனிச்சறுக்கு விடுமுறைக்கான ஆயத்தங்கள்

படுக்கையும் சமையலறையும் கழிப்பறையும் கொண்ட நடமாடும் வீடான மோட்டார்ஹோமில் பனிச்சறுக்குக்குப் போக விரும்புவோர் முதலில் கேட்பது, "உள்ளே குளிராதா?" என்பதைத்தான். நல்ல வெப்பமூட்டியும் போதிய எரிவாயுவும் இருந்தால், வெளியே மைனஸ் 15 டிகிரி இருக்கும்போதும் உள்ளே அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கலாம். கவனம் செலுத்த வேண்டியது தண்ணீரின் மேல். அது தொட்டியில் உறைகிறது, மூச்சுக்காற்றிலிருந்து ஜன்னலில் படிகிறது, கூரையில் பனியாய்க் கனக்கிறது, சக்கரத்தடியில் உருகி மீண்டும் உறைந்து வண்டியைத் தரையோடு பிடித்துக்கொள்கிறது, சறுக்குக் காலணிக்குள் ஈரமாய்த் தங்கி மறுநாள் பொழுதைக் கெடுக்கிறது. கீழே வரும் ஆலோசனைகள் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியை மனத்தில் கொண்டவை. குளிர்காலம் முழுவதும் திறந்திருக்கும் முகாம்கள் அங்கே பல உள்ளன.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

எல்லா மோட்டார்ஹோமும் பனிக்காலத்துக்கு ஆகாது. ஐரோப்பியத் தரநிர்ணயமான ஈ.என். 1646, இவ்வகை வண்டிகளின் வெப்பக்காப்பையும் சூடேற்றும் திறனையும் மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. மூன்றாம் நிலைச் சான்று பெற வேண்டுமானால், மைனஸ் 15 டிகிரி வரை குளிரவைத்த வண்டியின் உட்புறத்தை நான்கு மணி நேரத்துக்குள் 20 டிகிரிக்குக் கொண்டுவர முடிய வேண்டும். அதன் பிறகு தண்ணீர் அமைப்பும் இயங்க வேண்டும். விளம்பரங்களில் தாராளமாகப் புழங்கும் "குளிர்காலத்துக்கு ஏற்றது" என்ற சொல்லுக்கு அப்படி எந்த வரையறையும் கிடையாது. எனவே வாங்குவோரும் வாடகைக்கு எடுப்போரும் மூன்று கேள்விகளை நேராகக் கேட்டுவிட வேண்டும்: நன்னீர்த் தொட்டி வண்டிக்குள் இருக்கிறதா, அடியில் தொங்குகிறதா? கழிவுநீர்த் தொட்டிக்கு வெப்பக்காற்று போகிறதா? குழாய்கள் எந்த இடத்திலாவது சூடேறாத பெட்டிக்குள் ஓடுகின்றனவா? இரட்டைத் தளம் கொண்ட வண்டிகளில் தொட்டிகளும் குழாய்களும் இரு தளங்களுக்கும் இடைப்பட்ட சூடான வெளியில் இருப்பதால் இந்தக் கவலை பெரிதும் தீர்கிறது. சரக்கு வேனை மாற்றியமைத்த சிறிய வண்டிகளில் கதவோரங்களிலும் உலோகச் சட்டங்களிலும் குளிர் இறங்கும். அவற்றில் ஒரு வாரம் தங்க முடியாது என்றில்லை. ஆனால் எரிவாயுவும் பொறுமையும் அதிகம் செலவாகும். முதல் தடவை போகிறவர்கள், குளிர்கால வசதிகள் உள்ள வண்டியை வாடகைக்கு எடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஓட்டுநர் இருக்கைப் பகுதியின் கண்ணாடிகள் வழியாகத்தான் வெப்பம் மிகுதியாக வெளியேறுகிறது. அவற்றுக்கு வெளிப்புறமாகப் போர்த்தும் தடித்த வெப்பத் திரை கட்டாயம் வேண்டும். உட்புறத் திரை வெப்பத்தை ஓரளவு தடுத்தாலும் கண்ணாடி குளிர்ந்தே இருப்பதால், அதற்கும் திரைக்கும் நடுவே ஈரம் படிந்து காலையில் பனித்தகடாய் நிற்கும்.

எடையையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான மோட்டார்ஹோம்களுக்கு 3,500 கிலோதான் உச்ச வரம்பு. சறுக்குப் பலகை, காலணி, தலைக்கவசம் என்று ஆளுக்குப் பத்துக் கிலோவும், அதற்கு மேல் சக்கரச் சங்கிலியும் இரண்டு எரிவாயு சிலிண்டர்களும் ஏறும்போது அந்த வரம்பு எளிதாக மீறப்படுகிறது. புறப்படும் முன் எடைமேடையில் நிறுத்திப் பார்த்துவிடுவது நல்லது.

மலைச்சாலை

பிரான்சில், அரசு குறித்த மலைப்பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயரோ சங்கிலியோ இல்லாமல் ஓட்டக் கூடாது. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனியோ பனிக்கட்டியோ இருக்கும்போது குளிர்கால டயர் கட்டாயம். இத்தாலியில் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, அறிவிப்புப் பலகை உள்ள சாலைகளில் குளிர்கால டயர் இருக்க வேண்டும், அல்லது சங்கிலியை வண்டியில் வைத்திருக்க வேண்டும். மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதன் நடுவில் பனித்துகளும் வரைந்த சின்னம் உள்ள டயரை வாங்கினால் எந்த நாட்டு விதியைப் பற்றியும் குழம்ப வேண்டியதில்லை.

டயர் நன்றாக இருந்தாலும் சங்கிலி வேண்டும். அதை இழுவைச் சக்கரங்களில் மாட்ட வேண்டும்; பல மோட்டார்ஹோம்கள் முன்சக்கர இழுவை கொண்டவை, பின்புறமோ சுமை நிறைந்தது, ஆகையால் ஏற்றத்தில் முன்சக்கரம் பிடிமானம் இழந்து சுழல்வது வாடிக்கை. வீட்டு வாசலில் உலர்ந்த தரையில் இரண்டு மூன்று தடவை சங்கிலியை மாட்டிக் கழற்றிப் பழகியிருந்தால், இருட்டில், சாலையோரத்தில், ஈரக் கையுறையோடு அந்த வேலையைச் செய்வது அவ்வளவு கொடுமையாக இருக்காது. முழங்காலுக்கு அடியில் போட ஒரு ரப்பர் விரிப்பும் நெற்றி விளக்கும் சங்கிலியோடு ஒரே பையில் இருக்கட்டும். சங்கிலியோடு மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. பனி முடிந்து தார்ச்சாலை தொடங்கியதும் கழற்றிவிட வேண்டும்.

வழிகாட்டும் செயலிகளை அப்படியே நம்பிவிட வேண்டாம். 2,757 மீட்டர் உயரமுள்ள ஸ்டெல்வியோ கணவாய், 2,642 மீட்டர் உயரமுள்ள கலிபியே போன்றவை குளிர்காலம் முழுவதும் மூடியிருக்கும். பழைய வரைபடம் உங்களை அவற்றின் தடுப்புக்கதவு வரை கொண்டுபோய் நிறுத்திவிடும். ஏழு மீட்டர் நீள வண்டியை அந்த இடத்தில் திருப்புவது வேடிக்கையான வேலை அல்ல.

டீசலைப் பற்றி ஒரு சொல். மிதமான தட்பவெப்பம் உள்ள இடத்தில் நிரப்பிய டீசல், கடுங்குளிரில் மெழுகுபோல் இறுகி வடிகட்டியை அடைத்துவிடும். எனவே தொட்டியைப் பாதியளவில் வைத்துக்கொண்டு மலையடிவாரத்துக்கு வந்து, அங்கே விற்கும் குளிர்கால டீசலை நிரப்ப வேண்டும். டீசல் புகையின் நச்சைக் குறைக்கத் தனித் தொட்டியில் ஊற்றும் திரவமான ஆட்புளூ மைனஸ் 11 டிகிரியில் உறையும். வண்டியே அதைச் சூடேற்றிக்கொள்ளும் என்பதால் கவலை வேண்டாம். ஆனால் உதிரிக் குப்பியை வெளிப்பெட்டியில் வைக்கக் கூடாது.

நிறுத்துமிடம்

மின்னிணைப்பும் காலணி உலர்த்தும் அறையும் உள்ள குளிர்கால முகாமே முதல் பயணத்துக்கு ஏற்றது. பிப்ரவரிப் பள்ளி விடுமுறையில் இவை நிறைந்துவிடும் என்பதால் முன்பதிவு அவசியம். சறுக்குத்தளத்தின் அடிவாரத்திலேயே மோட்டார்ஹோம்களுக்கென்று இடம் ஒதுக்கியிருக்கும் ஊர்களும் உண்டு. அங்கே மின்சாரம் பெரும்பாலும் இருக்காது, மின்கலத்தை நம்பித்தான் வாழ வேண்டும். உயரம் கூடக் கூட, ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும். ஆகவே சறுக்குத்தளத்தை ஒட்டியே தங்குவதா, கீழே பள்ளத்தாக்கில் தங்கி இலவசப் பேருந்தில் ஏறி வருவதா என்பதை எரிவாயுக் கணக்கையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பள்ளத்தாக்கே மேல்.

காலை வெயில் கதவுப் பக்கம் விழும்படி வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். மரத்தடியும் கட்டடக் கூரையின் அடியும் வேண்டாம், அங்கிருந்து பனிப்பாளம் விழும். பனி அகற்றும் வண்டி வந்து போகும் தடத்தை விட்டு விலகியிருக்க வேண்டும். சக்கரத்தடியில் மரப்பலகை வைத்தால் உருகிய பனி உறைந்து டயரைப் பிடிக்காது. கைத்தடையை இழுத்துவிட்டால் அது உறைந்து இறுகிவிடக்கூடும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைப்பதே முறை. மின்கம்பியைத் தரையில் கிடத்தாமல் உயரத் தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் கடைசி நாளில் அதைக் கோடரியால் வெட்டியெடுக்க நேரும்.

எரிவாயுவும் மின்கலமும்

புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கிறது, பியூட்டேன் கிட்டத்தட்ட மைனஸ் அரை டிகிரியில். அதாவது சுழியத்துக்குக் கீழே போனால் பியூட்டேன் சிலிண்டருக்குள்ளேயே திரவமாகத் தங்கிவிடும், அடுப்பும் அணையும், வெப்பமூட்டியும் நிற்கும். மலைக்குப் புரொப்பேன்தான். கடுங்குளிரில் 11 கிலோ சிலிண்டர் ஒன்று இரண்டு மூன்று நாளைக்கு வந்தால் பெரிது. ஆகவே இரண்டு சிலிண்டர்களும், ஒன்று தீர்ந்ததும் மற்றொன்றுக்குத் தானே மாறும் சீராக்கியும் தேவை. நள்ளிரவில் சிலிண்டர் தீர்ந்துபோவதை எல்லாரும் ஒருநாள் அனுபவிக்கிறார்கள், அந்தச் சீராக்கியை வாங்குவதும் அதன் பிறகுதான். நாட்டுக்கு நாடு சிலிண்டரின் திருகுமுனை மாறும் என்பதால் இணைப்புகளின் தொகுப்பொன்றை வைத்திருங்கள்.

வெளியே சறுக்கப் போகும்போது வெப்பமூட்டியை அணைத்துச் சேமிப்பது பலரின் வழக்கம். அது தவறான சிக்கனம். சுவரும் மெத்தையும் குளிர்ந்துவிட்டால் மீண்டும் சூடேற்ற நெடுநேரம் பிடிக்கும். அதற்குள் குழாய் உறைந்திருக்கும். பகலில் 15 டிகிரியிலாவது ஓடவிடுங்கள்.

வெப்பக்காற்றைத் தள்ளும் விசிறியும் தண்ணீர்ப் பம்பும் விளக்கும் மின்கலத்தையே உண்கின்றன, கடுங்குளிரிலோ ஈயமின்கலத்தின் கொள்ளளவு வெகுவாகக் குறைகிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தைச் சுழியத்துக்குக் கீழே மின்னேற்றக் கூடாது. ஆகவே அதன் இடம் வண்டிக்குள்தான். கூரையின் சூரியத்தகட்டை இந்த மாதங்களில் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தண்ணீர்

கொதிகலனோடு இணைந்த உறைவுக்காப்பு வால்வு, அருகிலுள்ள வெப்பம் சுமார் 3 டிகிரிக்கு இறங்கியதும் தானே திறந்து கொதிகலன் நீரை வெளியேற்றிவிடும். வண்டிக்கு அடியில் திடீரென்று நீர் ஓடுவதைக் கண்டு குழாய் வெடித்ததாகப் பதற வேண்டாம். வால்வு தன் கடமையைச் செய்கிறது. வண்டி நன்றாகச் சூடான பிறகே அதை மூட முடியும். எனவே வந்து சேர்ந்ததும் முதலில் வெப்பமூட்டியைப் போட்டு, இரண்டு மணி நேரம் பொறுத்து, பிறகு தண்ணீர் நிரப்புங்கள். குழாயிருக்கும் அலமாரிக் கதவுகளைச் சற்றே திறந்துவைத்தால் வெப்பக்காற்று உள்ளே போகும்.

வெப்பமில்லாத கழிவுநீர்த் தொட்டியை மூடிவைத்து உறையவிடாமல், அதன் திறப்பைத் திறந்தே விட்டு அடியில் அகன்ற வாளி வைக்க வேண்டும். நிரம்பியதும் கழிவுநீர் ஊற்றும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வாளியில் உறைந்துவிட்டால் கவிழ்த்துத் தட்டினால் கட்டியாக விழும். உறைந்த தொட்டியில் அப்படிச் செய்ய முடியாது. நன்னீரை நீளக் குழாய் போட்டு நிரப்புவதைக் காட்டிலும் பத்து லிட்டர் கேன்களில் சுமப்பதே சுலபம், ஏனெனில் அந்தக் குழாயே முதலில் உறையும். கழிப்பறைப் பெட்டியை அன்றாடம் காலி செய்துவிட்டால் போதும்.

ஈரமும் காற்றும்

நாலு பேர் உறங்கும் மூச்சும், சமையல் ஆவியும், நனைந்த உடைகளும் சேர்ந்து ஒரே இரவில் ஜன்னல் சட்டத்தின் பள்ளத்தில் நீர் தேங்கும் அளவுக்கு ஈரத்தைச் சேர்க்கும். அதற்கு மருந்து காற்றோட்டம். காலையில் எல்லா ஜன்னலையும் கூரைத் திறப்பையும் ஐந்து நிமிடம் முழுக்கத் திறந்துவிட்டால் ஈரக்காற்று வெளியேறும். சுவரும் மெத்தையும் சூட்டை விடுவதற்குள் மூடிவிடலாம். மெத்தையின் அடியில் காற்றுப் புகும் விரிப்பு இருக்க வேண்டும்.

தரையிலும் கூரையிலும் உள்ள நிரந்தரக் காற்றுத்துளைகளைக் குளிர் வருகிறதென்று துணி வைத்து அடைப்பது ஆபத்து. எரிவாயு சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஒரு இரவுகூட உறங்கக் கூடாது. பனி விழும் நாட்களில், வெப்பமூட்டியின் புகைபோக்கி மூடிப்போகவில்லை என்பதைத் தூங்கும் முன்னும் எழுந்ததும் பாருங்கள். கூரையில் புகைபோக்கி உள்ள வண்டிகளுக்கு நீட்டிப்புக் குழாய் கிடைக்கும்.

சறுக்குக் காலணிதான் ஈரத்தின் பெரிய கிடங்கு. கதவருகே உயரமான விளிம்புள்ள தட்டு ஒன்றை வைத்து, பனியை வெளியிலேயே தட்டிவிட்டு, அதில் இறக்கிவைக்க வேண்டும். பிறகு உள்ளுறையை வெளியே எடுத்து, குளியலறையில் நிறுத்தி, வெப்பக்காற்று வரும் வாயை அதன் பக்கம் திருப்பிவிட்டால் காலைக்குள் உலர்ந்துவிடும். வெளிக்கூட்டைப் பின்புறச் சரக்கறையில் விட்டுவிடக் கூடாது. குளிர்ந்த பிளாஸ்டிக் கல்லாய் இறுகி, கால் உள்ளே போகாமல் போராட்டமாகிவிடும். பலகைகளின் எஃகு விளிம்பைத் துடைத்து, சரக்கறையில் வைத்தால் போதும்.

கூரை

புதுப்பனியே கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ இருக்கலாம். ஈரப்பனி அதைப்போல் பல மடங்கு. ஏழு மீட்டர் நீளமும் 2.2 மீட்டர் அகலமும் கொண்ட கூரையில் 30 செ.மீ. புதுப்பனி விழுந்தால் ஏறத்தாழ 450 கிலோ சேர்கிறது. நீண்ட கைப்பிடியும் மென்மையான தூரிகையும் கொண்டு அவ்வப்போது தள்ளிவிடுங்கள். ஏணியில் ஏறுவோருக்கு இன்னொருவர் துணை தேவை.

சறுக்குத்தளத்தில்

பனிச்சரிவு அபாயம் 1 முதல் 5 வரையான ஐரோப்பிய அளவுகோலில் நாள்தோறும் அறிவிக்கப்படுகிறது. குறித்த தடங்களை விட்டு வெளியே போகாதவர்களும் அதைப் பார்ப்பது நல்லது, ஏனெனில் பனிச்சரிவு உங்கள் வண்டி திரும்பும் சாலையையும் மூடக்கூடும். அப்படி மூடினால் ஓரிரு நாள் தாக்குப்பிடிக்க உணவும் எரிவாயுவும் கையிருப்பில் இருக்கட்டும். தடத்தில், மேலிருந்து வருபவர்தான் கீழே இருப்பவருக்கு வழிவிட வேண்டும். இத்தாலியின் சறுக்குத்தளங்களில் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு 2022 முதல் கட்டாயம். அவசர உதவிக்கு 112.

புறப்பாடு

கிளம்பும் நாளில் கூரைப் பனியை முழுவதும் அகற்றிய பிறகே சாலைக்கு வர வேண்டும்; பிரேக் போட்டதும் ஒரு பாளம் முன்கண்ணாடியை மறைத்தாலும், பின்னால் வருபவர் மேல் விழுந்தாலும் விளைவு மோசம். முந்தைய நாள் மாலையே திரைகளையும் படிகளையும் சுற்றியுள்ள பனியை வெட்டிவிட்டால் காலைப் பரபரப்பு குறையும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். வீடு சேர்ந்ததும், சாலையில் தூவிய உப்பு அடிச்சட்டத்தை அரிக்கும் முன் வண்டியின் அடிப்பகுதியை நன்னீரால் கழுவிவிட்டு, சங்கிலியையும் அலசி உலர்த்தி, தொட்டிகளையும் குழாய்களையும் முழுக்க வடித்து, குழாய்த் திருகுகள் எல்லாவற்றையும் திறந்த நிலையில் விட்டுவையுங்கள்.