எந்த ஆசியச் சாப்பாடு உடம்புக்கு நல்லது? தட்டை வைத்துக் கணக்குப் போடும் முறை

ஜப்பானியச் சாப்பாடு நல்லது, சீனச் சாப்பாடு எண்ணெய் என்று நாட்டின் பெயரை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். நீண்ட ஆயுளுக்குப் பெயர்போன, ஜப்பானின் தெற்குத் தீவுப் பகுதியான ஒக்கினாவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பழைய தலைமுறையின் முக்கிய உணவு சர்க்கரைவள்ளிக்கிழங்கு. கூடவே காய்கறி, டோஃபு (சோயாப் பன்னீர்), கொஞ்சம் மீன். போருக்குப் பின் அமெரிக்க ராணுவ முகாம்களோடு டின் இறைச்சியும் பர்கரும் வந்தன. 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் ஒக்கினாவா ஆண்களின் ஆயுட்காலம் ஜப்பானின் 47 மாகாணங்களில் 26-ஆவது இடத்துக்கு இறங்கிவிட்டது. ஊர் அதேதான், தட்டுதான் மாறியது. அதனால் நாட்டோடு நாட்டை ஒப்பிடாமல், ஒரு வேளைச் சாப்பாட்டோடு இன்னொரு வேளைச் சாப்பாட்டை ஒப்பிட வேண்டும்.

தேவைப்படுபவை மூன்றுதான்: கிராம் காட்டும் சமையலறைத் தராசு, 5 மி.லி. பிடிக்கும் டீஸ்பூன், சாஸ் பாட்டில்களின் லேபிள். சாதம், சூப், தொட்டுக்கொள்ளும் சாஸ், ஊறுகாய், குடிக்கும் பானம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஆளுக்கான அளவை எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுச் சமையலை வீட்டுச் சமையலோடும், கடைச் சாப்பாட்டைக் கடைச் சாப்பாட்டோடும் வையுங்கள். வீட்டில் செய்த கொரியக் கீரைப் பொரியலையும் ஓட்டலில் வாங்கிய சீன ஃபிரைட் ரைஸையும் பக்கத்தில் வைத்தால் வீட்டுக்கும் ஓட்டலுக்கும் உள்ள வித்தியாசம்தான் தெரியும், கொரியாவுக்கும் சீனாவுக்கும் உள்ளது தெரியாது. 100 கிராமுக்கு இவ்வளவு என்ற கணக்கும் ஏமாற்றும், ஏனென்றால் வியட்நாமிய நூடுல்ஸ் சூப்பான ஃபோ ஒரு கிண்ணம் அரை கிலோவுக்கு மேல் வரும், தொட்டுக்கொள்ளும் கொரியக் காய் ஊறுகாயான கிம்சி 50 கிராமைத் தாண்டாது.

முதலில் உப்பு

கிழக்கு ஆசியச் சாப்பாட்டின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது, அதனால் அதிக நேரத்தை இதற்கே கொடுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கும் குறைவு. லேபிளில் சோடியம் மில்லிகிராமில் இருந்தால் அதை 2.5-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் உப்பு கிராமில் கிடைக்கும்.

லேபிள் இல்லாதபோது இந்த அளவுகள் போதும். சோயா சாஸ் ஒரு டீஸ்பூனில் சுமார் 0.9 கிராம் உப்பு. மீன் சாஸ் ஒரு டீஸ்பூனில் 1.2 கிராம் அளவில். மீசோ என்ற ஜப்பானியப் புளித்த சோயா விழுதின் எடையில் எட்டில் ஒரு பங்கு உப்பு. கிம்சியில் 2 சதவீதம். வாய்க்குச் சரியாக இருக்கும் சூப்பில் பெரும்பாலும் 0.8 சதவீதத்தை ஒட்டி உப்பு இருக்கும். ராமென் என்ற ஜப்பானிய நூடுல்ஸ் சூப்பில் அதைவிட நிறைய.

இப்போது ஜப்பானிய வீட்டுக் காலைச் சாப்பாடு ஒன்றைக் கணக்குப் போடுவோம். 12 கிராம் மீசோ கரைத்த சூப்பில் 1.5 கிராம் உப்பு, உப்பிட்ட சால்மன் 80 கிராமில் 1.4, முள்ளங்கி ஊறுகாய் நான்கு துண்டில் 0.6, டோஃபு மேல் விடும் சோயா சாஸில் 0.9. மொத்தம் 4.4 கிராம். எண்ணெய் கிட்டத்தட்ட இல்லை, மீன் இருக்கிறது, சோயா இருக்கிறது, அளவும் சின்னது. ஆனால் ஒரு நாளுக்கான உப்பு காலையிலேயே கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. உப்பிட்ட மீனுக்குப் பதில் உப்பிடாத மீனைச் சுட்டு எலுமிச்சை பிழிந்தால் ஒரு கிராமுக்கு மேல் குறையும். சூப்பில் காயை இரட்டிப்பாக்கினால் கிண்ணத்தில் தண்ணீருக்கு இடம் குறைந்து, மீசோவும் குறைவாகவே போதும்.

வியட்நாமிய ஃபோவைப் பாருங்கள். 500 மி.லி. சூப்பில் 0.9 சதவீதம் என்றால் 4.5 கிராம் உப்பு. பாதிச் சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டால் 2.2 கிராம் குறையும். இவ்வளவு சுலபமாகச் சரிசெய்ய முடிகிற குறை வேறு உணவில் அரிது. துளசி வகை, கொத்தமல்லி, முளைப்பயறு எல்லாம் பச்சையாக ஒரு தட்டு தனியே வருவது இந்தச் சாப்பாட்டின் பெரிய பலம். அதை முழுவதும் கிண்ணத்தில் போடுங்கள்.

வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று: ஜப்பானிய ‘உசுகுச்சி’ சோயா சாஸ் வெளிர் நிறத்தில் இருப்பதால் உப்புக் குறைவு என்று நினைத்து வாங்குவது. அதில் சாதாரணக் கருநிறச் சாஸைவிட உப்பு கூடுதல். நிறத்தைப் பார்க்காதீர்கள், சோடியம் எண்ணைப் பாருங்கள். அஜினோமோட்டோ மேல் உள்ள பயமும் கணக்கில் நிற்பதில்லை: அதில் சோடியம் 12 சதவீதம், சாப்பாட்டு உப்பில் 39 சதவீதம்.

அடுத்து எண்ணெயும் தேங்காய்ப்பாலும்

ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி. வீட்டில் அளக்க, சமைக்கும் முன்னும் பின்னும் எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்து வித்தியாசத்தை ஆட்களால் வகுங்கள். பொரிப்பதாக இருந்தால் எண்ணெயோடு வாணலியை முன்பு ஒருமுறை, ஆறிய பிறகு ஒருமுறை எடை போடுங்கள்.

சீன ஓட்டல் சமையலில் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சேர்கிறது. இறைச்சி மிருதுவாக இருக்க, வதக்கும் முன்பே அதைச் சூடான எண்ணெயில் ஒருமுறை போட்டு எடுப்பார்கள், கத்தரிக்காயையும் அப்படித்தான். கத்தரிக்காய் பஞ்சு மாதிரி எண்ணெயை உறிஞ்சிவிடும். வீட்டில் அதை முதலில் 10 நிமிடம் ஆவியில் வைத்துப் பிறகு வதக்கினால் ஒரு டேபிள்ஸ்பூனிலேயே முடியும். மாறாக, சீனாவின் சிச்சுவான் பகுதி மீன் கிண்ணத்தில் எண்ணெய் ஒரு விரல் உயரம் மிதந்தாலும், மீனைத் தூக்கி வடித்துச் சாப்பிடுகிறவர் வயிற்றுக்குள் அதில் பெரும்பங்கு போவதில்லை. தட்டில் மிஞ்சியதைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு. தென் சீனாவின் காண்டன் முறையில் இஞ்சி, வெங்காயத்தாள் போட்டு ஆவியில் வேகவைத்த மீன் இந்த வரிசையில் எதோடும் போட்டி போடும்.

தாய்லாந்துக் குழம்புகளில் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பச்சைக் குழம்பில் ஒரு ஆளுக்கு 150 மி.லி. கெட்டித் தேங்காய்ப்பால், அதில் 18 சதவீதம் கொழுப்பு என்றால் 27 கிராம். தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு வரை கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது சுமார் 24 கிராம். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாள் வரம்பே 22 கிராம்தான். அதே நாட்டின் புளிப்பு மீன் குழம்பு ‘கேங் சொம்’, தெளிந்த காரப்புளிச் சூப் ‘டோம் யாம்’, காய் போட்ட தெளிசூப் ‘கேங் ஜூட்’ இவற்றில் தேங்காய்ப்பாலே கிடையாது. ஒரே கடையில், ஒரே விலையில் இரண்டும் கிடைக்கும்.

சர்க்கரைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பாட் தாய் (தாய் வறுத்த நூடுல்ஸ்), சோம் தாம் (தாய் பப்பாளிக்காய் சாலட்), கொரிய புல்கோகி (ஊறவைத்துச் சுட்ட மாட்டிறைச்சி), தெரியாக்கி (ஜப்பானிய இனிப்புச் சோயா சாஸ் பூசிச் சுட்டது) நான்கிலும் உண்டு. பானத்தில்தான் அதைவிட அதிகம். தாய் பால் டீ, கண்டென்ஸ்டு மில்க் விட்ட வியட்நாம் காபி இரண்டையும் சாப்பாட்டுக் கணக்கிலேயே எழுதுங்கள்.

சாதம் 150 கிராம் என்றால் மாவுச்சத்து 55 கிராம். ஜப்பானிலும் கொரியாவிலும் சின்னக் கிண்ணம் இதைத் தானாகவே கட்டுப்படுத்துகிறது. காய்கறியைச் சமைத்த பிறகு எடை போட்டு, ஒரு வேளைக்கு 150 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கொரியச் சாப்பாடு இங்கே முன்னால் நிற்கிறது: கீரை, முளைப்பயறு, முள்ளங்கி என்று மூன்று நான்கு ‘நாமுல்’ (பக்குவம் செய்த காய்த் தொடுகறி) நல்லெண்ணெய் சில துளியோடு வரும். ஆனால் காயெல்லாம் கிம்சியாகவே இருந்தால் 150 கிராமுக்கு 3 கிராம் உப்பு.

யாருக்காக ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து வரிசை மாறும். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு உப்பு எண்தான் முதலில். சூப்பை விட்டுவைத்த ஃபோ, உப்பிடாத மீன் வைத்த ஜப்பானியத் தட்டு மேலே வரும், ராமென் கடைசிக்குப் போகும். சர்க்கரை நோய்க்குச் சாதத்தின் எடையும் பானமும், கொலஸ்ட்ராலுக்குத் தேங்காய்ப்பாலும் எண்ணெயில் பொரித்தவையும். தைராய்டு பிரச்சினை இருந்தால் ‘கொம்பு’ என்ற ஜப்பானியக் கடற்பாசியில் அயோடின் மிக அதிகம் என்பதை நினைவில் வைத்து, அதை ஊறவைத்துச் செய்யும் டாஷி சூப்பை மருத்துவரிடம் கேட்டுக் குடியுங்கள். காண்டன் முறையில் உப்பிட்டுக் காயவைத்த மீனைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அதைத் தினசரிப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சிறுநீரக நோயாளிக்குச் சமைக்கும்போது ‘சோடியம் குறைந்த’ என்று போட்ட உப்பையோ சாஸையோ உடனே மாற்றாக எடுக்க வேண்டாம்: அவற்றில் சிலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும், அது அவர்களுக்கு ஆபத்து.