வெளிநாட்டுக் கண்காட்சியில் முதல் ஸ்டாலா? பணம் பறிக்கும் மெயில்களிடமிருந்து தப்பிக்கும் வழி

ஜனவரியில் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் என்ற வீட்டு உபயோகத் துணிக் கண்காட்சியில் கரூர் ஏற்றுமதியாளர்கள் பலர் வருடாவருடம் ஸ்டால் போடுகிறார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு விஷயம் புதிராக இருக்கும். கண்காட்சியின் இணையதளத்தில் கம்பெனி பெயர் ஏறியதும், முன்பின் தெரியாதவர்களிடமிருந்து மெயில் கொட்ட ஆரம்பிக்கும். இதில் மர்மம் ஒன்றுமில்லை. ஸ்டால் போடுவோர் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயர், ஊர், ஹால் எண், ஸ்டால் எண் எல்லாம் அதிலேயே இருக்கும். அவற்றை எடுத்து மெயிலில் போட்டால், எழுதுகிறவர் கண்காட்சி அலுவலகத்து ஆள் போலவே தெரிவார். உங்கள் ஸ்டால் எண்ணைச் சரியாகச் சொல்கிறாரே என்று யாரையும் நம்பிவிடாதீர்கள்.

ஃப்ராங்க்ஃபர்ட்டை வைத்துச் சொல்கிறேன். துபாய், பாரிஸ் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

படி 1: கண்காட்சியே உண்மையா என்று பாருங்கள்

பெயர் பெற்ற கண்காட்சி என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். கேள்விப்படாத பெயரில் 'குறைந்த வாடகையில் ஸ்டால்' என்று அழைப்பு வந்தால், அமைப்பாளரின் இணையதளத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அது நடப்பதாகச் சொல்லும் அரங்கத்தின் சொந்த நிகழ்ச்சி அட்டவணையைப் பாருங்கள். அதில் இல்லையென்றால் அரங்கத்துக்கே எழுதிக் கேளுங்கள். ஜெர்மன் கண்காட்சித் துறையின் சங்கமான அவுமா, உலகக் கண்காட்சிகளின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. உங்கள் ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 2: ஒரு தாள் தயார் செய்யுங்கள்

ஸ்டால் உறுதியானதும் அமைப்பாளர் ஒரு கையேடு தருவார், அல்லது லாகின் தருவார். நீளமாக இருக்கிறதென்று யாரும் படிப்பதில்லை. ஆனால் சரக்கு கையாளும் ஏஜென்ட் யார், மின் இணைப்பு யார் தருவார், ஹோட்டலுக்கு யாரிடம் கேட்பது என்று அங்கீகாரம் பெற்றவர்களின் பெயர்கள் அதில்தான் இருக்கும். அந்தப் பெயர்கள், தொலைபேசி எண்கள், ஒப்பந்தத்தில் உள்ள வங்கிக் கணக்கு, இவ்வளவையும் ஒரே தாளில் எழுதி அக்கவுன்டன்ட் மேசையில் ஒட்டுங்கள். தாளில் இல்லாதவர் பணம் கேட்டால் முதலாளியைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. இந்த ஒரு ஏற்பாடு பாதி மோசடியை வாசலிலேயே நிறுத்திவிடும்.

படி 3: 'இலவசமாக விவரம் திருத்துங்கள்' என்ற படிவத்தில் கையெழுத்து போடாதீர்கள்

இந்த மோசடிகளிலேயே பழையது இதுதான், அதிகம் பேர் விழுவதும் இதில்தான். மெயிலிலோ தபாலிலோ ஒரு படிவம் வரும். நீங்கள் போகும் கண்காட்சியின் பெயர் மேலே பெரிதாக இருக்கும். உங்கள் கம்பெனி விவரமும் ஏற்கெனவே நிரப்பியிருக்கும். சரிபார்த்து, கையெழுத்து போட்டு, சீல் குத்தி அனுப்பச் சொல்வார்கள். அடியில் பொடி எழுத்தில், இது கட்டண விளம்பரத்துக்கான ஆர்டர், ஒப்பந்தக் காலம் மூன்று வருடம், வருடத்துக்கு இத்தனை யூரோ என்று இருக்கும். அந்தத் தொகை ஆயிரம் யூரோவைத் தாண்டுவது சாதாரணம். சில வாரம் கழித்து இன்வாய்ஸ் வரும், பிறகு நினைவூட்டல், பிறகு கடன் வசூல் ஏஜென்சியின் மிரட்டல்.

ஆஸ்திரியாவில் இருந்த கன்ஸ்ட்ரக்ட் டேட்டா, மெக்சிகோ முகவரியில் இயங்கிய எக்ஸ்போ கைடு ஆகிய பெயர்களைப் பற்றி உலகக் கண்காட்சித் துறைச் சங்கமான யுஎஃப்ஐ பல வருடங்களாக எச்சரித்து வந்திருக்கிறது. இப்படிக் கம்பெனிப் பெயர்ப் பட்டியல் போடுவதாகச் சொல்லும் டைரக்டரி நிறுவனங்களின் ஏமாற்று விளம்பரங்களைக் கண்டித்து ஐரோப்பிய நாடாளுமன்றம் 2008 டிசம்பரில் ஒரு தீர்மானமே போட்டது. பெயரும் முகவரியும் மாறும், படிவத்தின் வடிவம் மாறாது.

கண்காட்சியின் உண்மையான கேட்டலாகில் விவரம் மாற்ற வேண்டுமென்றால் அமைப்பாளர் தந்த லாகினில் போய் மாற்றுங்கள். சிலர் அட்டையும் பேனாவுமாக ஸ்டாலுக்கே நேரில் வந்து, 'கேட்டலாகுக்கு ஒரு கையெழுத்து' என்று கேட்பதும் உண்டு. கூட்ட நேரம் பார்த்துத்தான் வருவார்கள். விசிட்டிங் கார்டு கொடுங்கள், போதும். கம்பெனி சீல் ஹோட்டல் அறையிலேயே இருக்கட்டும். ஸ்டாலில் அதற்கு வேலை இல்லை.

படி 4: ஹோட்டல் ஏஜென்டைச் சோதியுங்கள்

கண்காட்சி வாரத்தில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் அறை வாடகை எகிறும். அந்தப் பதற்றம்தான் இவர்களுக்கு மூலதனம். 'கண்காட்சியின் ஹோட்டல் பிரிவிலிருந்து பேசுகிறோம், அறைகள் முடியப்போகின்றன, இன்றே முழுப் பணமும் கட்டுங்கள்' என்பார்கள். கட்டினால் அறையே இல்லாமல் போகலாம். இருந்தாலும் ஊருக்கு வெளியே எங்கோ இருக்கும். ரத்து செய்தால் பணம் திரும்பாது. அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் என்றால் அவர் பெயர் உங்கள் தாளில் இருக்கும். வேறு யார் மூலம் பதிவு செய்தாலும், அந்த ஹோட்டலின் எண்ணை நீங்களே தேடி எடுத்து, பதிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். விசா விண்ணப்பத்தில் வைக்கும் ஹோட்டல் பதிவும் இதுதான் என்பதை மறக்காதீர்கள்.

படி 5: பார்வையாளர் பட்டியல் விற்பவர்கள்

'கண்காட்சிக்கு வரும் பையர்களின் மெயில் பட்டியல், சில நூறு டாலர்' என்ற மெயிலை அழித்துவிடுங்கள். கண்காட்சிக்குப் பல மாதம் முன்பே முழுப் பட்டியல் எப்படி இருக்க முடியும்? ஐரோப்பாவில் 2018 மே முதல் ஜிடிபிஆர் தனியுரிமைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. வருகிறவர்களின் விவரத்தை இப்படிக் கூவி விற்க முடியாது. 'வேண்டாம்' என்றுகூடப் பதில் போடாதீர்கள். உங்கள் மெயில் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

படி 6: வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்றால்

பெரிய தொகை போவது இங்கேதான். யாரோ ஒருவருடைய மெயில் ஹேக் ஆகியிருக்கும். உண்மையான உரையாடலின் தொடர்ச்சியாகவே, 'ஆடிட் நடப்பதால் இந்தப் புதிய கணக்கில் கட்டுங்கள்' என்று வரும். அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி வைத்திருந்தால் சின்ன எழுத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பிறகு ஐபேன் எண்ணை, அதாவது ஐரோப்பிய வங்கிக் கணக்குகளுக்கு உள்ள சர்வதேச எண்ணைப் பாருங்கள். அதன் முதல் இரண்டு எழுத்து நாட்டைக் குறிக்கும். ஜெர்மன் கணக்கு என்றால் டி, இ என்று தொடங்கி, அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்து மொத்தம் 22 இலக்கம் இருக்கும். வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீட்டின் ஐந்தாவது, ஆறாவது எழுத்தும் நாட்டைச் சொல்லும். ஜெர்மன் அமைப்பாளருக்குக் கட்டும் பணம் லிதுவேனியாவுக்கோ போலந்துக்கோ ஏன் போக வேண்டும்? நாடு சரியாக இருந்தாலும் விட்டுவிடாமல், பழைய ஒப்பந்தத்தில் உள்ள எண்ணுக்கு போன் செய்து கேளுங்கள். மெயிலில் கொடுத்திருக்கும் எண்ணில் எடுப்பவனும் அதே ஆளாகத்தான் இருப்பான்.

படி 7: மாட்டிக்கொண்டால்

பணம் போய்விட்டதென்றால் மெயில் எழுதிக்கொண்டிருக்காமல் வங்கிக்கு ஓடுங்கள். ஸ்விஃப்ட் மூலம் பணத்தைத் திரும்ப அழைக்கும் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கார்டில் கட்டியிருந்தால் சார்ஜ்பேக், அதாவது கார்டு வங்கி மூலம் பணத்தைத் திரும்பப் பெறும் வழியைக் கேளுங்கள். அன்றே 1930 எண்ணில் சைபர் கிரைம் புகாரும் கொடுத்துவிடுங்கள்.

டைரக்டரி படிவத்தில் கையெழுத்து போட்டிருந்தால், ஏமாற்றிப் பெற்ற கையெழுத்து என்பதால் ஒப்பந்தத்தை ஏற்கவில்லை என்று உடனே ஒரு கடிதம் அனுப்பி, நகலைக் கண்காட்சி அமைப்பாளருக்கும் வையுங்கள். தொல்லை தாங்காமல் ஒரு தவணை கட்டிவிட்டால், ஒப்பந்தத்தை நீங்களே ஒத்துக்கொண்டதாக வாதிடுவார்கள். வசூல் ஏஜென்சியின் கடிதம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அது கோர்ட் உத்தரவு ஆகாது. ஃபைலில் போட்டு வையுங்கள். கோர்ட்டிலிருந்து ஏதாவது வந்தால் மட்டும் அந்த ஃபைலோடு வக்கீலிடம் போங்கள்.