நிவாரணப் பட்டியலை மத்த அமைப்புகளோட பத்திரமா பகிர்றது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

வெள்ளம், புயல்னு வந்துட்டா நம்ம ஊர்ல உதவி பண்ண ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. 2023 டிசம்பர்ல தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டித் தீர்த்தப்போ எங்கெங்கேர்ந்தோ ஜனங்க சாமானோட கிளம்பி வந்தாங்க. ஆனா இந்த மாதிரி நேரத்துல வர்ற ஒவ்வொரு குழுவும் தனித்தனியா ஒரு லிஸ்ட் எடுக்கும், பேரு, போன் நம்பர், ஆதார் ஜெராக்ஸ்னு எல்லாத்தையும் வாங்கி எக்செல்ல போட்டு, அதை அப்படியே வாட்சப் குரூப்ல தட்டி விட்டுடுவாங்க, அங்கேர்ந்து அது எந்தெந்த குரூப்புக்குப் போகுதுன்னு யாருக்கும் தெரியாது.

அதுக்காக யார்கிட்டயும் எதையும் பகிரவே கூடாதுன்னு சொல்லல. பகிரலைன்னா மெயின் ரோட்டு ஓரத் தெருவுக்கு மூணு தடவை அரிசி போகும், ஆத்தோரக் குடிசைக்கு ஒண்ணுமே போகாது. அதனால பகிரணும், ஆனா யாருக்கு எது தேவையோ அது மட்டும் போகணும். ரெண்டு மூணு பேர் ஒரு லேப்டாப்பை வச்சுக்கிட்டு வேலை பாக்குற சின்ன குழுவால கூட செய்ய முடியிற மாதிரி சொல்றேன்.

படி 1: லிஸ்ட் எடுக்குறதுக்கு முன்னாடியே கேக்குற விவரத்தைக் குறைங்க

நீங்க வாங்காத விவரம் உங்ககிட்டேர்ந்து லீக் ஆகவே ஆகாது, இதை விட பெரிய பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஃபார்ம்ல இருக்கற ஒவ்வொரு கேள்விக்கும் நேரா "இதை வச்சு நாங்க என்ன பண்ணப் போறோம்?"னு கேட்டுப் பாருங்க. அஞ்சு கிலோ அரிசி குடுக்க ஆதார் எதுக்கு? குடும்பத்துல எத்தனை பேரு, கைக்குழந்தை இருக்கா, எந்தத் தெரு, இவ்வளவு போதும். ஜாதி, மதம், பேங்க் அக்கவுண்ட் எல்லாம் "பின்னாடி தேவைப்படலாம்"னு வாங்கி வைக்கிற பழக்கத்தை இன்னைக்கே விட்டுடுங்க. பணமா உதவி போடப் போறீங்கன்னா மட்டும் அக்கவுண்ட் நம்பர் வாங்குங்க, அதையும் தனி ஃபைல்ல.

விவரம் கேக்கும்போதே எதுக்குக் கேக்குறோம், யார் யார் பாப்பாங்க, குடுக்க மாட்டேன்னாலும் அரிசி கிடைக்கும்னு வாய் விட்டு சொல்லணும். பசியில நிக்கிறவங்க எதைக் கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவாங்க, அதைச் சம்மதம்னு எடுத்துக்கக் கூடாது.

இது சின்ன ஊர்ப் பிரச்சனைன்னு நினைக்காதீங்க. மியான்மர்லேர்ந்து தப்பி வந்து வங்கதேசத்துல தஞ்சம் புகுந்த ரோஹிங்யா அகதிகளோட விவரத்தை ஐநா அகதிகள் முகமை பதிவு பண்ணுச்சு, அந்த விவரம் வங்கதேச அரசு வழியா மியான்மருக்கே போச்சுன்னு ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்ங்கிற மனித உரிமை அமைப்பு 2021 ஜூன்ல சொன்னுச்சு. சம்மதம் வாங்கித்தான் பண்ணினோம்னு முகமை பதில் சொன்னாலும், தங்களோட விவரம் அங்க போகும்னு தங்களுக்குத் தெரியாதுன்னு சொன்ன அகதிகள் இருக்காங்க. எந்த நாட்டுலேர்ந்து உயிருக்குப் பயந்து ஓடி வந்தாங்களோ அந்த நாட்டு அரசு கையிலயே அவங்க பேரு, போட்டோ போய்ச் சேர்ந்துச்சுன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

படி 2: எது எவ்வளவு ஆபத்துன்னு தரம் பிரிங்க

ஐநாவோட மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம், அதாவது ஓச்சா, விவரங்களை நாலு தரமா பிரிக்கச் சொல்லுது: குறைவு, மிதம், அதிகம், மிக அதிகம். வெளிய போச்சுன்னா யாருக்கு என்ன கேடு வரும்ங்கிறதுதான் அளவுகோல். முகாம் எங்க இருக்கு, எத்தனை பேர் தங்கியிருக்காங்கன்னு சொல்றது பெரும்பாலும் முதல் தரம். பேரும் போன் நம்பரும் சேந்து இருந்தா மூணாவது. வீட்டுல அடி வாங்கி வந்த பொண்ணு எந்த முகாம்ல இருக்கா, யாரு எச்ஐவிக்கு மாத்திரை சாப்பிடுறாங்க, இதெல்லாம் நாலாவது.

இடத்தைப் பொறுத்து இது மாறும். நம்ம ஊர்ல ஆஸ்பத்திரி இருக்கற இடம் ரகசியமே கிடையாது, சண்டை நடக்குற நாட்டுல அதே விவரம் குண்டு விழக் காரணமாகிடும். அதனால இன்னொருத்தர் போட்ட பட்டியலைக் காப்பி அடிக்காம நீங்களே உக்காந்து தரம் பிரிங்க.

படி 3: ஒரு லிஸ்ட்டை ரெண்டாப் பிரிங்க

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும்னா இதைச் செய்யுங்க.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு டோக்கன் நம்பர் குடுங்க. முதல் ஃபைல்ல டோக்கன் நம்பர், பேரு, போன் நம்பர் மட்டும். ரெண்டாவது ஃபைல்ல டோக்கன் நம்பர், தெரு, ஆட்கள் எண்ணிக்கை, தேவை. முதல் ஃபைல் உங்க குழுவுல ரெண்டே பேர்கிட்ட இருக்கணும், வெளிய போகவே கூடாது. பகிர்றது எல்லாம் ரெண்டாவதுலேர்ந்துதான். டோக்கன் நம்பர்லயே தெருப் பேரோட முதல் எழுத்து, பிறந்த தேதி எல்லாம் சேக்காதீங்க, அப்புறம் அதை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சிடுவாங்க.

ஒரு உதாரணம் பாப்போம். உங்க ஃபைல்ல ஒரு வரி இப்படி இருக்கு: டோக்கன் 0147, கீழத்தெரு, பெரியவங்க 2, குழந்தைங்க 1, வயசு 8 மாசம், அம்மா நாலு மாச கர்ப்பம், காசநோய்க்கு மாத்திரை, கூரை போச்சு. இதைக் கேட்டு மூணு குழு வருதுன்னு வச்சுக்கோங்க. சாப்பாடு போடறவங்களுக்கு 0147, கீழத்தெரு, பெரியவங்க 2, பால் பவுடர் தேவை. அவ்வளவுதான். வீடு கட்டித் தர்றவங்களுக்கு 0147, கீழத்தெரு, கூரை போச்சு, ஆளுங்க முகம் தெரியாத ஒரு போட்டோ. மெடிக்கல் கேம்ப்ல பொறுப்பா இருக்கற டாக்டருக்கோ நர்சுக்கோ மட்டும், அந்தம்மாகிட்ட கேட்டுட்டு, கர்ப்பம், மாத்திரை விவரம். காசநோய்ங்கிற வார்த்தை சோறு பரிமாறுற பையன் கைக்குப் போச்சுன்னா வெள்ளத் தண்ணி வடிஞ்ச பிறகும் அந்தக் குடும்பத்தைத் தெரு ஒதுக்கி வச்சிடும்.

படி 4: பேரை எடுத்துட்டா மட்டும் போதாது

கீழத்தெருவுல எட்டு மாசக் குழந்தையோட கர்ப்பமா இருக்கறது ஒரே ஒரு அம்மான்னா பேரே தேவையில்ல, ஊருக்கே தெரியும். அதனால வெளிய குடுக்கற ஃபைல்ல வயசை 0-5, 6-17, 18-59, 60க்கு மேலன்னு தொகுப்பா மாத்துங்க. ஜிபிஎஸ் புள்ளியை எடுத்துட்டு தெரு, இல்லன்னா வார்டு மட்டும் வைங்க. ஒரு தெருவுல ஒருத்தர் ரெண்டு பேர்தான் அந்த வகையில வர்றாங்கன்னா பக்கத்துத் தெருவோட சேத்து மொத்தமா சொல்லுங்க.

எக்செல்ல மூணு இடத்துல மாட்டிக்குவீங்க. ஹைட் பண்ண நெடுவரிசை (column), அதை யார் வேணா அன்ஹைட் பண்ணலாம். ஃபில்டர் போட்டு மறைச்ச வரி, உள்ளேயே இருக்கும். பைவட் டேபிள், அதாவது விவரத்தைத் தொகுத்து மொத்தக் கணக்கு காட்டுற அட்டவணையை மட்டும் விட்டுட்டு மூல ஷீட்டை டெலிட் பண்ணாலும், அந்த டேபிளுக்குள்ள மொத்த விவரமும் காப்பியா இருக்கும், ஒரு டபுள் க்ளிக்ல வெளிய வந்துடும். அதனால புது ஃபைல் திறந்து, தேவையானதை மட்டும் வேல்யூஸா (வெறும் எழுத்தும் எண்ணும் மட்டும் வர்ற மாதிரி) பேஸ்ட் பண்ணி அதை அனுப்புங்க.

படி 5: டூல்

பேப்பர் கூட நல்ல டூல்தான், பூட்டி வைக்க முடிஞ்சா. போன்ல எடுக்கணும்னா கோபோடூல்பாக்ஸ் பாருங்க, உலகம் முழுக்க நிவாரண அமைப்புகள் பயன்படுத்துறது, நெட் இல்லாத இடத்துலயும் ஃபார்ம் நிரப்பிட்டு அப்புறமா ஏத்தலாம், தமிழ்ல கேள்வி வைக்கலாம். அதுல ப்ராஜெக்ட் ஷேரிங் பகுதிக்குப் போய் யாரு ஃபார்ம் மட்டும் நிரப்பலாம், யாரு விவரத்தைப் பாக்கலாம்னு தனித்தனியா குடுங்க. வீடு வீடா போற தம்பி தங்கைங்களுக்கு நிரப்புற அனுமதி போதும். எல்லாரும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்ட்னு வேலை பாக்காதீங்க, நாளைக்கு ஒருத்தர் குழுவை விட்டுப் போனா என்ன பண்ணுவீங்க?

கூகுள் ஷீட்தான் வசதின்னா ஷேர் பட்டனை அழுத்திப் பாருங்க, "எனிஒன் வித் த லிங்க்"னு இருந்தா உடனே "ரெஸ்ட்ரிக்டட்"னு மாத்தி, ஆளுக்கு ஆள் மெயில் ஐடி போட்டு அனுமதி குடுங்க. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதாவது பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு சரிபார்ப்பு கேக்குற வசதியை, கண்டிப்பா ஆன் பண்ணுங்க.

படி 6: அனுப்புறது

வாட்சப்ல மெசேஜ் போற வழி என்கிரிப்ட் ஆகி, அதாவது நடுவுல யாரும் படிக்க முடியாத மாதிரி பூட்டி இருக்கு, உண்மைதான். ஆனா குரூப்ல இருக்கற அத்தனை பேர் போன்லயும் ஃபைல் இறங்கி உக்காந்துக்கும், அந்த போனை வீட்டுல பசங்க எடுத்து விளையாடுவாங்க, சர்வீஸுக்குக் குடுப்பாங்க. அதனால லிஸ்ட்டை குரூப்ல போடாதீங்க.

லேப்டாப்ல செவன்-ஜிப் இன்ஸ்டால் பண்ணுங்க, காசு கிடையாது. ஃபைல் மேல ரைட் க்ளிக் பண்ணி ஆட் டு ஆர்க்கைவ் போங்க, ஃபார்மட் 7இசட்னு வைங்க, பாஸ்வேர்ட் போடுங்க, என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ் டிக் பண்ணுங்க. ஏஇஎஸ்-256ங்கிற வலுவான என்கிரிப்ஷன் முறையில பூட்டிடும். பாஸ்வேர்ட் நீளமா, சம்பந்தமில்லாத நாலஞ்சு வார்த்தை சேத்த மாதிரி இருக்கட்டும். ஃபைலை மெயில்ல அனுப்பினா பாஸ்வேர்டை போன் பண்ணி சொல்லுங்க, ரெண்டும் ஒரே வழியில போகவே கூடாது. எக்செல்லயே பண்ணணும்னா ஃபைல், இன்ஃபோ, ப்ரொடெக்ட் ஒர்க்புக், அதுல என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட். ப்ரொடெக்ட் ஷீட்னு இன்னொண்ணு இருக்கும், அது தெரியாம கை பட்டு மாறாம இருக்கறதுக்குத்தான், பாதுகாப்பு இல்ல.

படி 7: ஒரு பக்க ஒப்பந்தம்

பெரிய அமைப்புகள் இதை தகவல் பகிர்வு நெறிமுறைன்னு பல பக்கத்துக்கு எழுதுவாங்க. உங்களுக்கு ஒரு பக்கம் போதும். என்ன விவரம், எந்த வேலைக்கு, அவங்க தரப்புல யாரு பொறுப்பு, வேற யாருக்கும் குடுக்கலாமா, எந்தத் தேதியில அழிக்கணும், லீக் ஆனா எத்தனை மணி நேரத்துல நமக்குச் சொல்லணும். ரெண்டு தரப்பும் கையெழுத்து. நல்லவங்கதான, எதுக்கு பேப்பர் எல்லாம்னு கூச்சப்படாதீங்க, இந்தியாவுல 2023லயும் இலங்கையில 2022லயும் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குன்னு சட்டமே போட்டாச்சு.

ஒரே குடும்பம் ரெண்டு இடத்துல வாங்குறாங்களான்னு பாக்க முழு லிஸ்ட்டையும் ஒப்பிடணும்னு கேப்பாங்க. பேர் லிஸ்ட்டைப் பரிமாறிக்கிறதுக்குப் பதிலா தெருவைப் பிரிச்சுக்கோங்க, கீழத்தெரு உங்களுது, மேலத்தெரு எங்களுதுன்னு. போன் நம்பரை ஹேஷ் பண்ணி, அதாவது புரியாத குறியீடா மாத்தி அனுப்பினா பத்திரம்னு சிலர் சொல்லுவாங்க, நம்பாதீங்க, பத்து இலக்கம்தான, எல்லா நம்பரையும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்து திருப்பி எடுத்துடலாம்.

படி 8: அழிக்கிறது

வேலை முடிஞ்சதும் ஷேர் பண்ண லிங்க்கை எல்லாம் ரத்து பண்ணுங்க, லேப்டாப், பென்டிரைவ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மூணையும் பாருங்க. கூகுள் டிரைவ்ல டெலிட் பண்ணது ட்ராஷ்ல 30 நாள் கிடக்கும், அதையும் காலி பண்ணுங்க. வாங்கின அமைப்புக்கும் போன் பண்ணி அழிச்சாச்சான்னு கேளுங்க. கணக்கு காட்ட எத்தனை குடும்பம், எவ்வளவு சாமான்ங்கிற மொத்த எண்ணிக்கை போதும்.

படி 9: லீக் ஆயிடுச்சுன்னா

2022 ஜனவரியில சர்வதேச செஞ்சிலுவைக் கமிட்டி, சண்டையிலயும் பேரிடர்லயும் குடும்பத்தைப் பிரிஞ்சவங்க உட்பட 5,15,000 பேருக்கும் மேலானவங்க விவரம் இருந்த சர்வர்களுக்குள்ள யாரோ புகுந்துட்டாங்கன்னு வெளிப்படையா அறிவிச்சாங்க. முந்தின நவம்பர்லயே புகுந்திருக்காங்க, கண்டுபிடிக்க சுமார் 70 நாள் ஆச்சு. அவங்க சர்வரை ஆஃப்லைன் பண்ணாங்க, எப்படி நடந்துச்சுங்கிறதையும் பின்னாடி எழுதினாங்க. அவ்வளவு பெரிய அமைப்பே மூடி மறைக்கல, நாமளும் மறைக்கக் கூடாது.

முதல்ல லிங்க்கை நிறுத்துங்க, பாஸ்வேர்டு எல்லாத்தையும் மாத்துங்க. என்ன போச்சு, எப்போ போச்சு, யார் யார் விவரம்னு ஒரு நோட்டுல எழுதுங்க. பகிர்ந்த அமைப்புகளுக்குச் சொல்லுங்க. அப்புறம் அந்தத் தெருவுக்கு நேர்ல போங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியிற மாதிரி சொல்லுங்க: "உங்க பேரும் போன் நம்பரும் வெளிய போயிடுச்சு, நிவாரணப் பணம் வந்திருக்கு ஓடிபி சொல்லுங்கன்னு யாராவது கூப்பிடுவாங்க, சொல்லாதீங்க, எங்க குழுவுலேர்ந்து யாரும் ஓடிபி கேக்க மாட்டோம்." அப்படி யாராவது ஏற்கனவே பணத்தை விட்டிருந்தா 1930ங்கிற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அங்கேயே, உங்க போன்லேர்ந்து கூப்பிட்டுக் குடுங்க.