உயிர்காக்கும் சிகிச்சை கற்பிக்கும் செவிலியர்கள் சி.பி.டி. (தொடர் தொழில்முறைக் கற்றல்) மணிநேரத்தைக் கணக்கில் சேர்ப்பது எப்படி? (பிரிட்டன்)

பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்துகொண்டு, வார்டு வேலையோடு சி.பி.ஆர். வகுப்புகளிலும் பயிற்றுநராக நிற்கும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "நாள் முழுக்க நின்று வகுப்பு எடுத்தேனே, அதில் எத்தனை மணிநேரம் சி.பி.டி.யில் சேரும்?" எட்டு மணிநேரம் என்று எழுதிவிடலாம் என்ற எதிர்பார்ப்போடுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். வகுப்பு எடுத்த நேரத்தைப் பணி நேரக் கணக்கிலும், அந்த வகுப்பின் பொருட்டு நீங்கள் கற்றுக்கொண்ட நேரத்தைச் சி.பி.டி. கணக்கிலும் எழுதுங்கள் என்பதே என் பதில். இந்தப் பிரிப்பைச் செய்யத் தெரிந்துவிட்டால் மற்றவை எல்லாம் எழுத்து வேலைதான்.

தொடங்குமுன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்தியாவில் என்.எம்.சி. என்றால் தேசிய மருத்துவ ஆணையம். இந்தக் கட்டுரையில் என்.எம்.சி. என்று வரும் இடமெல்லாம் பிரிட்டனின் செவிலியர் மற்றும் பேறுகாலச் செவிலியர் மன்றத்தைக் குறிக்கும்.

கணக்கின் அடிப்படை

2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 'ரீவேலிடேஷன்' முறைப்படி, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை நம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த 3 ஆண்டுகளில் 450 மணிநேரம் பணி செய்திருக்க வேண்டும். செவிலியர், பேறுகாலச் செவிலியர் ஆகிய இரண்டு தகுதிகளையும் புதுப்பிப்பவர்களுக்கு இது 900 மணிநேரம். சி.பி.டி. 35 மணிநேரம், அதில் குறைந்தது 20 மணிநேரம் பிறரோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். இவற்றோடு 5 கருத்துரைகள், 5 சிந்தனைக் குறிப்புகள், அந்தக் குறிப்புகளைப் பற்றி இன்னொரு பதிவுபெற்ற செவிலியரோடு ஓர் உரையாடல், உடல்நலம், நன்னடத்தை, தொழில் காப்புறுதி பற்றிய உறுதிமொழிகள், கடைசியாக இவற்றைச் செய்து முடித்தோம் என்பதற்கு ஒருவரின் உறுதிப்படுத்தல் ஆகியவையும் தேவை.

ஊரில் ஒரு கருத்தரங்குக்குப் போனால் இத்தனை மணிநேரம் என்று அச்சிட்ட சான்றிதழ் கைக்கு வந்துவிடும். அதைக் கோப்பில் செருகினால் வேலை முடிந்தது. இங்கே என்.எம்.சி. எந்த வகுப்புக்கும் புள்ளி தருவதில்லை. எவ்வளவு நேரம், எதைக் கற்றேன், அது என் பணிக்கு எப்படிப் பொருந்துகிறது என்று நாமே எழுதி, நாமே ஆதாரம் வைத்திருக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

படி 1: உங்கள் தேதியைக் கண்டுபிடியுங்கள்

என்.எம்.சி. இணையக் கணக்கில் நுழைந்து, விண்ணப்பத்துக்கான கடைசி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிவு முடியும் மாதத்தின் முதல் தேதி அது. அதற்கு 60 நாட்களுக்கு முன் விண்ணப்பம் திறக்கும். சென்ற முறை பதிவைப் புதுப்பித்ததிலிருந்து வரும் 3 ஆண்டுகளில் நடந்தவை மட்டுமே கணக்கில் வரும். சென்ற சுற்றில் காட்டிய வகுப்பை மறுபடியும் காட்டக் கூடாது.

படி 2: வகுப்பு நாளைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

ஒரு நாள் ஏ.எல்.எஸ். (மேம்பட்ட உயிர்காப்புச் சிகிச்சை) வகுப்பை எடுத்துக்கொள்வோம். முந்தைய வாரம், உங்களுக்கு ஒதுக்கப்பட்ட பாடத்துக்காக மாறிய வழிகாட்டுதல்களை ஒன்றரை மணிநேரம் படித்தீர்கள். வகுப்பு நாளன்று காலையிலும் மாலையிலும் பயிற்றுநர்கள் கூடிப் பேசியது, இரண்டும் சேர்த்து 45 நிமிடம். நீங்கள் பாடம் நடத்துவதைப் பார்த்த வகுப்பு இயக்குநர், உங்களோடு உட்கார்ந்து அரை மணிநேரம் குறை நிறை சொன்னார். கர்ப்பிணிக்கு இதயம் நின்றுவிட்டால் கருப்பையை எந்தப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். இடப்பக்கம் என்று சொல்லிவிட்டீர்கள், ஆனால் அதன் காரணத்தைத் தெளிவாக விளக்க முடியவில்லை என்ற உறுத்தலில் வீட்டுக்கு வந்து ஒரு மணிநேரம் படித்தீர்கள். இவை நான்கும் சேர்ந்தால் 3 மணி 45 நிமிடம். இதுவே அந்த நாளின் சி.பி.டி. மிச்ச நேரத்தில் பயிற்சிப் பொம்மையின் அருகே நின்று "இன்னும் ஆழமாக அழுத்துங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தது உங்கள் பணி. கற்பித்தலும் உங்கள் பணி வரம்புக்குள் இருந்தால் அது 450 மணிநேரக் கணக்கில் சேரும்.

கற்பித்த நேரத்தைச் சி.பி.டி.யில் எழுதவே கூடாது என்று என்.எம்.சி. தடை போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிறருக்கு வழிகாட்டுவதும் கற்றல் வகைகளில் ஒன்றாகவே அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் பின்னால் நிரப்ப வேண்டிய படிவம் "என்ன கற்றீர்கள்?" என்று கேட்கும். முதன்முறை ஒரு பாடத்தை நடத்தும்போது அதற்குச் சொல்வதற்கு நிறைய இருக்கும். பத்தாவது முறை அதே பாடத்தை நடத்திவிட்டு அந்த இடத்தை நிரப்பப் பார்த்தால் பேனா ஓடாது. ஓடாத நேரத்தை நான் சேர்ப்பதில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் மருத்துவர்களுக்கு வகுத்துள்ள விதியும் இதே திசையில்தான் போகிறது: சான்றளிக்கப்பட்ட நேரடி நிகழ்ச்சியில், தாமே புதிதாகத் தயாரித்த உரையை 1 மணிநேரம் நிகழ்த்தினால் 2 கற்றல் மதிப்புகள் (கிரெடிட்) கிடைக்கும், அதே உரையை எத்தனை ஊரில் நிகழ்த்தினாலும் ஒருமுறைதான்.

இன்னும் பயிற்றுநர் ஆகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏ.எல்.எஸ். வகுப்பில் நன்றாகச் செய்து, பயிற்றுநராகத் தகுந்தவர் என்று பரிந்துரைக்கப்பட்டால், பிரிட்டனில் உயிர்மீட்புப் பயிற்சிகளை வகுக்கும் ரிசசிடேஷன் கவுன்சில் யு.கே.யின் 2 நாள் பொதுப் பயிற்றுநர் படிப்புக்குப் போவீர்கள். அந்த 2 நாட்களும் பிறரோடு சேர்ந்து கற்பதே என்பதால், உணவு இடைவேளையைக் கழித்துவிட்டு மற்றதை முழுமையாக எழுதிக்கொள்ளலாம்.

படி 3: 20 மணிநேரத்தின் மேல் கண் வையுங்கள்

மேலே சொன்ன 3 மணி 45 நிமிடத்தில் தனியே படித்த இரண்டரை மணிநேரம் பங்கேற்புக் கற்றல் (பிறரோடு சேர்ந்து கற்பது) ஆகாது. பயிற்றுநர் கூட்டமும் இயக்குநரின் கருத்துரையும் மட்டுமே ஆகும்: 1 மணி 15 நிமிடம். இந்த வேகத்தில் 20 மணிநேரம் சேர 16 வகுப்புகள் வேண்டும். எனவே இணையவழிப் பாடம் பார்த்தே 35 மணிநேரத்தையும் நிரப்பிவிட்டுக் கடைசி மாதத்தில் விழித்துக்கொள்வதைவிட, முதல் ஆண்டிலேயே பங்கேற்பு நேரத்தைத் தேடுவது நல்லது. ஒரே அறையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காணொளிக் கூட்டத்தில் பிறரோடு பேசி விவாதித்தாலும் போதும். 2021 உயிர்மீட்பு வழிகாட்டுதல்களுக்கு அடுத்து 2025இல் புதியவை வந்தன. அவற்றில் மாறியது என்ன என்று உங்கள் மையத்துப் பயிற்றுநர்கள் நால்வர் உட்கார்ந்து பேசினால், தேதியும் தலைப்பும் வந்தவர்கள் எண்ணிக்கையும் குறித்த ஒரு தாள் அதற்கு ஆதாரமாகிவிடும்.

தீயணைப்புப் பயிற்சி போல, உங்கள் பணியோடு நேரடித் தொடர்பில்லாத கட்டாயப் பயிற்சிகளைச் சேர்க்காதீர்கள்.

படி 4: அன்று மாலையே எழுதுங்கள்

தேதி, கற்ற முறை, தலைப்பு, பணியோடு உள்ள தொடர்பு, மொத்த மணிநேரம், அதில் பங்கேற்பு மணிநேரம், என்.எம்.சி.யின் நடத்தை விதித்தொகுப்பில் பொருந்தும் பகுதி. இவ்வளவுதான். என்.எம்.சி.யின் மாதிரிப் படிவத்தைப் பயன்படுத்தலாம், கட்டாயமில்லை. ஒரு சுற்றில் இரண்டரை ஆண்டுகளை வெறுமனே கழியவிட்டு, பழைய மின்னஞ்சல்களையும் ஷிஃப்ட் அட்டவணைகளையும் வைத்துக்கொண்டு எந்த வகுப்பு எந்த நாள் என்று துப்பறிந்தேன். அதற்குச் செலவான வார இறுதிகளை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை.

படி 5: வகுப்பு மதிப்பீட்டுத் தாள்களை வீணாக்காதீர்கள்

தேவைப்படும் 5 கருத்துரைகள் நோயாளிகளிடமிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை; மாணவர்களும் சக பணியாளர்களும் சொல்வதும் செல்லும். வகுப்பு முடிவில் பயில்வோர் நிரப்பித் தரும் தாள்கள் அப்படியே பொருந்தும். "மிக நன்று" என்ற தாளைவிட, "வேகமாகப் பேசுகிறார், பின்தொடர முடியவில்லை" என்ற தாள் உங்களுக்கு அதிகம் உதவும். அடுத்த படியில் எழுதுவதற்கு அது விஷயம் தரும். பெயர்களை மட்டும் குறிக்காதீர்கள்.

படி 6: சிந்தனைக் குறிப்பு

5 குறிப்புகளையும் என்.எம்.சி.யின் படிவத்திலேயே எழுத வேண்டும். அது கேட்பவை நான்கு: நிகழ்வு என்ன, என்ன கற்றீர்கள், பணியில் எதை மாற்றினீர்கள் அல்லது மேம்படுத்தினீர்கள், விதித்தொகுப்போடு என்ன தொடர்பு. நான் எழுதிய ஒன்றின் சாரத்தைத் தருகிறேன்.

செயல்திறனைக் கற்பிக்க நான்கு கட்ட முறையை நாங்கள் பின்பற்றுகிறோம். முதலில் பேசாமல் செய்து காட்ட வேண்டும். அடுத்து விளக்கிக்கொண்டே செய்ய வேண்டும். பிறகு பயில்பவர் சொல்லச் சொல்ல நாம் செய்ய வேண்டும். இறுதியில் அவரே செய்வார். முதல் கட்டத்தில் நான் வாய் மூடியிருந்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று பார்த்த மூத்த பயிற்றுநர், நீங்கள் தொடக்கம் முதல் முடிவு வரை எண்ணிக்கொண்டும் விளக்கிக்கொண்டும் இருந்தீர்கள் என்றார். இது நிகழ்வு. பேச்சு இருக்கும்போது பயில்பவரின் கண் என் கையை விட்டு முகத்துக்கு வந்துவிடுகிறது, அழுத்தத்தின் தாளம் அவர் மனத்தில் பதிவதில்லை என்பது நான் கற்றது. அடுத்த வகுப்பில் அந்தக் கட்டத்துக்கு முன்பே "இப்போது பேச மாட்டேன், கையை மட்டும் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுச் செய்தேன், இது மாற்றம். விதித்தொகுப்பில், கருத்துரைகளைத் திரட்டிச் சிந்தித்துப் பணியை மேம்படுத்தச் சொல்லும் 9.2, சக பணியாளர்களின் கற்றலுக்குத் துணை நிற்கச் சொல்லும் 9.4 ஆகிய இரண்டும் இதற்குப் பொருந்தின. அரைப் பக்கம் போதும். நோயாளியையோ பயில்பவரையோ அடையாளம் காட்டும் எந்த விவரமும் அதில் வரக் கூடாது.

படி 7: உரையாடலும் உறுதிப்படுத்தலும்

குறிப்புகளைப் பற்றி உரையாடுபவர் என்.எம்.சி. பதிவுள்ளவராக இருக்க வேண்டும். உறுதிப்படுத்துபவராக உங்கள் மேலாளர் இருப்பது வழக்கம்; அவரும் பதிவுபெற்றவராக இருந்தால் இரண்டையும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம். வகுப்பறையில் உங்களைப் பார்த்த சக பயிற்றுநர் ஒருவர் செவிலியராக இருந்தால், உரையாடலை அவரோடு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கட்ட முறையைப் பற்றி அவருக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்காது.

உங்களோடு பயிற்றுநராக நிற்கும் மற்றவர்களின் கணக்கு வேறு. துணை மருத்துவப் பணியாளர்கள் ஹெச்.சி.பி.சி. என்ற வேறொரு பதிவு மன்றத்தின் கீழ் வருவார்கள். அவர்களுக்கு 2 ஆண்டுச் சுற்று, மணிநேரக் கணக்கே கிடையாது, ஆனால் புதுப்பிக்கும் ஒவ்வொரு பணிப் பிரிவிலும் 2.5 சதவீதம் பேரைத் தேர்ந்தெடுத்து முழு விவரம் கேட்பார்கள். எனவே அவர்கள் எழுதும் முறையை நகலெடுக்காதீர்கள்.

விண்ணப்பம் திறந்ததும் இணையக் கணக்கில் விவரங்களை நிரப்பிக் கட்டணம் செலுத்துங்கள். அப்போது ஆதாரத் தாள்களைப் பதிவேற்ற வேண்டியதில்லை. ஆனால் சரிபார்ப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டால் மேலும் விவரம் கேட்டு என்.எம்.சி. மின்னஞ்சல் அனுப்பும், பழைய மருத்துவமனை முகவரி கணக்கில் இருந்தால் அந்த மின்னஞ்சல் உங்களுக்கு வந்து சேராது. விண்ணப்பத்தை அனுப்பும் முன் முகவரியைச் சரிபார்த்துவிட்டு, கோப்பை அடுத்த ரீவேலிடேஷன் முடியும் வரை அப்படியே வைத்திருங்கள்.