சீட்டை எண்ணிவிட்டு ஓட்டை எண்ணுங்கள்: வாக்குச்சீட்டுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2013 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் தேர்தல். மேற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் செனட் சபைக்கு ஆறு இடங்கள். அங்கே எண்ணிக்கையின் போக்கில் குறைந்த ஓட்டு வாங்கியவர்களை ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே போவார்கள். ஒரு கட்டத்தில் இரண்டு குட்டிக் கட்சிகளில் எது வெளியே போவது என்பதில் 14 ஓட்டுதான் வித்தியாசம், ஆனால் அதை வைத்துத்தான் கடைசி இரண்டு இடங்களும் யாருக்கு என்று முடிவாக வேண்டிய நிலை. சரி, மறுபடி எண்ணிவிடலாம் என்று உட்கார்ந்தால் 1,370 வாக்குச்சீட்டுகளைக் காணவில்லை. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. இருந்ததை வைத்து எண்ணியதில் அந்த 14 எதிர்ப்பக்கம் 12 ஆகத் திரும்பி, கடைசி இரண்டு இடமும் வேறு இருவருக்குப் போனது. நீதிமன்றம் செல்லாது என்றது. 2014 ஏப்ரல் 5 அன்று மாநிலம் முழுக்க மறுபடி தேர்தல், சுமார் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவு, தேர்தல் ஆணையர் ராஜினாமா. விசாரணை நடத்திய முன்னாள் போலீஸ் தலைவர் மிக் கீல்ட்டியாலும் சீட்டு எங்கே போனது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சீட்டுகளைக் கட்டி, ஏற்றி, இறக்கி, அடுக்கிய விதம் எவ்வளவு அலட்சியமாக இருந்தது என்பதைத்தான் அவரால் சொல்ல முடிந்தது.

கள்ள ஓட்டு, பூத் பிடிப்பு என்று பேச நமக்கு ஆயிரம் கதை உண்டு. ஒரு தேர்தலே ரத்தாவதற்கு அது எதுவும் தேவையில்லை, கணக்கு எழுத வேண்டியவர் அசந்தால் போதும். அந்த அசதி எந்தெந்த இடத்தில் வரும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

இயந்திரம் வந்தபிறகு வாக்குச்சீட்டு எங்கே என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களிலும், 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் மீதி ஒன்பது மாவட்டங்களிலும் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தல் சீட்டில்தான் நடந்தது. அதுவும் ஒரு வாக்காளருக்கு நான்கு சீட்டு. மாவட்ட ஊராட்சிக்கு மஞ்சள், ஒன்றியத்துக்குப் பச்சை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, வார்டு உறுப்பினருக்கு வெள்ளை (சில பூத்களில் நீலமும் உண்டு). நான்கு சீட்டும் ஒரே பெட்டிக்குள் விழும், ஆனால் கணக்கு நான்கு. இந்த வேலைக்குப் போய் வந்தவன் என்பதால் சொல்கிறேன், நாளெல்லாம் வரும் கூட்டம்கூடப் பெரிய விஷயமில்லை. மாலையில் பூத்தைச் சாத்திவிட்டு எழுதும் அந்தக் கணக்குதான் ஆளைத் தின்றுவிடும்.

முதல் தவறு அதற்கு முந்தின நாளே நடக்கிறது. சாமான்களைக் கொடுக்கும் இடத்தில் ஒரே சந்தை இரைச்சல், வெளியே பஸ் ஹாரன் அடிக்கிறது, சீட்டுக் கட்டைக் கையில் திணிக்கிறார்கள், நாமும் மேலே எழுதியிருக்கும் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அங்கே முடியாவிட்டால் பூத்துக்குப் போன பிறகாவது, சாப்பிடுவதற்கு முன்னால், ஒவ்வொரு கட்டையும் பிரித்து எண்ணுங்கள். சீட்டில் உள்ள எண்ணும் அடிக்கட்டையில் (சீட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகு நம்மிடம் நிற்கும் பகுதி) உள்ள எண்ணும் ஒன்றா, வரிசை விடாமல் போகிறதா, அது நம் வார்டுச் சீட்டுதானா, வேட்பாளர் பெயரும் சின்னமும் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எனக்கு ஒருமுறை ஒரு கட்டில் 347-க்கு அடுத்து நேராக 349 வந்தது. அச்சகத்தில் விட்டுப்போன ஒற்றைத் தாள். அன்றிரவே மண்டல அலுவலருக்குச் சொல்லி, காலையில் பூத் ஏஜெண்டுகள் முன்னால் எழுதிக் கையெழுத்து வாங்கியதால் தப்பித்தேன். அதை மறுநாள் மாலை கண்டுபிடித்திருந்தால் ஒரு சீட்டைத் தொலைத்தவன் நான்தான்.

அடுத்தது கையெழுத்து. வாக்காளர் கைக்குப் போகும் சீட்டின் பின்பக்கம் பூத்தின் அடையாள முத்திரையும் தலைமை அலுவலரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். இதில் இரண்டு விதமாகத் தப்பு செய்கிறோம். நேரம் மிச்சமாகட்டும் என்று ராத்திரியே எல்லாவற்றிலும் போட்டு வைப்பது ஒன்று. அப்படிப் போட்டுவைத்த சீட்டு வெளியே போனால் அது நிஜச் சீட்டுதான், எவனும் போலி என்று சொல்ல முடியாது. இன்னொன்று, பத்து மணிக் கூட்டத்தில் போடாமலே கொடுப்பது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் விதிகளில், அலுவலரின் பிழையால் முத்திரையோ கையெழுத்தோ விட்டுப்போனால் அதற்காக மட்டும் ஓட்டைத் தள்ளக்கூடாது என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இருந்து என்ன, எண்ணும் மேஜையில் அது அலுவலரின் பிழையா போலிச் சீட்டா என்று அரைமணி நேரம் சண்டை நடக்கும். கிராம வார்டில் ஒரு ஓட்டில் ஜெயிப்பதும், சமமாக வந்து குலுக்கல் போடுவதும் நடக்கிற கதைதான், அதனால் அந்தச் சண்டையைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது.

வாக்காளரின் வரிசை எண்ணை அடிக்கட்டையில்தான் எழுத வேண்டும், சீட்டில் எழுதவே கூடாது. வாக்காளர் பட்டியலில் பெயருக்குக் கீழே கோடு போட்டால் போதும், பக்கத்தில் சீட்டு எண்ணைக் குறித்து வைக்கக்கூடாது. கணக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் சிலர் குறிக்கிறார்கள். அதை வைத்து யார் யாருக்குப் போட்டார்கள் என்று தேடிப் பிடித்துவிடலாம், ரகசிய வாக்கு என்ற பேச்சே அடிபட்டுவிடும்.

மடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் நெடுக்காக, அப்புறம் குறுக்காக மடித்து, பிரித்துக் கொடுத்தால் வாக்காளர் அதே மடிப்பில் மடித்துப் போடுவார். குறுக்கே மட்டும் மடித்தால் ஈரமான மை எதிரில் உள்ள இன்னொரு சின்னத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய நிழல் மையை வைத்து ஓட்டைச் செல்லாததாக்கக் கூடாதுதான், ஆனால் எது அசல் எது நிழல் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பது யாருக்கு வேண்டிய வேலை?

கெட்டுப்போன சீட்டு. பாட்டி ஒருவர் தவறுதலாக முத்திரையை இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, 'தம்பி வேற குடு' என்று திருப்பித் தருகிறார். பெட்டியில் போடுவதற்கு முன்னால் என்றால், வேண்டுமென்று செய்யவில்லை என்று உங்களுக்குத் தெரிந்தால், வேறு தரலாம். பழையதைக் கிழித்துக் குப்பையில் போடுவதுதான் தப்பு. அதில் 'ரத்து' என்று எழுதி, அடிக்கட்டையிலும் எழுதி, தனி உறையில் வைக்க வேண்டும். ஒருவர் சீட்டை வாங்கிவிட்டு ஓட்டே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாலும் இதே வழிதான். டெண்டர் ஓட்டில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். தன் பெயரில் யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டுப் போனதாக ஒருவர் வந்து நிற்கிறார், விசாரித்ததில் அவர்தான் அந்த ஆள் என்று தெரிகிறது, அவருக்கு ஒரு சீட்டு உண்டு. ஆனால் அது பெட்டிக்குள் போகாது, தனி உறைக்குள் போகும், எண்ணிக்கையிலும் வராது. பாவம் பார்த்து அதைப் பெட்டியில் போடவிட்டால் உங்கள் கணக்கில் ஒன்று கூடிவிடும், அப்புறம் அதைப் பிரித்தெடுக்க யாராலும் முடியாது.

சரி, மாலைக் கணக்குக்கு வருவோம். படிவத்தின் எண் தேர்தலுக்குத் தேர்தல் மாறும், கூட்டல் கழித்தல் மாறாது. உதாரணமாக வாங்கிவந்த சீட்டு 650. பயன்படுத்தாமல் மிஞ்சியது 118, அதில் கையெழுத்துப் போட்டவை 12, போடாதவை 106. பயன்படுத்தியது 532. அதில் ரத்தானது 3, டெண்டர் 1. பெட்டிக்குள் இருக்க வேண்டியது 528. கையெழுத்துப் போட்டு மிஞ்சிய அந்தப் பன்னிரண்டை ஏன் தனியாகக் கேட்கிறார்கள் என்று முதல்முறை எனக்குப் புரியவில்லை. யோசித்தால், பூத்திலேயே ஆபத்தான தாள் அந்தப் பன்னிரண்டுதான்.

இங்கேதான் பெரிய தவறு, ரொம்ப மனிதத்தனமான தவறு, நடக்கிறது. கழித்துப் பார்த்தால் 528 வருகிறது, பட்டியலில் கோடு போட்ட பெயர்களைக் கூட்டினால், சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓட்டே போடாதவர்களைக் கழித்து 529 வருகிறது. மணி எட்டாகிறது, வண்டி வந்து நிற்கிறது, இன்னும் மூன்று நிறத்துக்கு எழுத வேண்டும். உடனே ஒருவர் 'சார், மிச்சத்துல ஒண்ணு கொறைச்சுப் போட்டுக்கலாம் சார்' என்பார். போடாதீர்கள். மறுபடி எண்ணுங்கள். பெரும்பாலும் மிச்சத்தில் ஒரு தாளை இரண்டு முறை எண்ணியிருப்போம், அல்லது கோடு போட்டவர் பக்கத்துப் பெயருக்கும் சேர்த்து இழுத்திருப்பார். அப்படியும் தேறவில்லை என்றால் இருப்பதை இருந்தபடி எழுதி, தலைமை அலுவலரின் நாட்குறிப்பில் வித்தியாசத்தைக் குறித்துவிடுங்கள். எண்ணும் நாளில் பெட்டிக்குள் ஒன்று குறைந்தால்கூட, யாராவது ஒரு வாக்காளர் நாலில் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். சீட்டை வெளியே கொண்டுபோவது குற்றம்தான், ஆனால் அது அவருடைய குற்றம். எண்ணைத் திருத்தி எழுதினால் அது உங்களுடையதாகிவிடும். மேஜையில் பெட்டியைத் திறக்கும்போது 528 வந்தாலும் 527 வந்தாலும், நீங்கள் உள்ளதை எழுதியிருந்தால் அதற்கு ஒரு விளக்கம் இருக்கும்.

எண்ணும் இடத்தில் முதல் வேலை நிறவாரியாகப் பிரிப்பது. பிரித்ததும் ஒவ்வொரு நிறத்திலும் எத்தனை தாள் என்று எண்ணி பூத் கணக்கோடு ஒப்பிட வேண்டும், யாருக்கு எத்தனை என்பது அதற்குப் பிறகு. அவசரத்தில் இதைத் தாண்டிவிடுகிறார்கள், ஏஜெண்டுகளும் 'நம்ம சின்னம் எத்தனை' என்பதிலேயே கண்ணாக இருப்பதால் கேட்பதில்லை. ஒரு பூத் சீட்டு இன்னொரு பூத் கட்டோடு கலந்தால் அதற்குப் பிறகு ஒப்பிடுவதற்கு ஒன்றுமே இல்லை.

அலுவலர் கையில் பேனாவோடு சீட்டின் முன்பக்கத்தைத் தொடக்கூடாது. 2024 ஜனவரி 30 அன்று சண்டிகர் மேயர் தேர்தலில் நடந்ததைக் கேமரா மூலம் நாடே பார்த்தது. தேர்தலை நடத்திய அனில் மசிஹ் எட்டுச் சீட்டுகளில் பேனாவால் குறியிட்டார், பிறகு அதே எட்டும் செல்லாது என்று அறிவித்தார். 20 ஓட்டு வாங்கியிருந்த குல்தீப் குமார் 12 ஆகச் சுருங்கி, 16 வாங்கியவர் மேயரானார். உச்ச நீதிமன்றம் அந்தச் சீட்டுகளை வரவழைத்து நேரிலேயே பார்த்தது, எட்டும் செல்லும் என்றது, பிப்ரவரி 20 அன்று குல்தீப் குமாரை மேயராக அறிவித்தது. அதை அசதி என்றோ அவசரம் என்றோ சொல்ல முடியாது, அது வேறு ரகம். ஆனாலும் சீட்டைக் காப்பாற்றி வைத்திருந்ததால்தான் நீதிபதிகளால் பார்க்க முடிந்தது. ஒரு சீட்டைத் தள்ளுவதென்றால் தள்ளியதாகவும் என்ன காரணம் என்றும் சுருக்கமாக எழுதிச் சுருக்கொப்பம் இட்டு, ஏஜெண்டிடம் காட்டிவிட்டு, தனிக் கட்டில் வையுங்கள்.

தபால் ஓட்டு இன்னொரு தலைவலி, அதிலும் தேர்தல் பணிக்குப் போகும் நாமே அதிகம் சொதப்புவது அதில்தான். சட்டமன்றத் தேர்தலென்றால் உறுதிமொழிப் படிவம் 13ஏ, சீட்டு வைக்கும் உள் உறை 13பி, வெளி உறை 13சி. உறுதிமொழியை உள் உறைக்குள் சீட்டோடு சேர்த்து ஒட்டிவிட்டால் முடிந்தது கதை. வெளி உறையைத் திறந்ததும் உறுதிமொழி இல்லையென்றால் உள் உறையைத் திறக்கவே மாட்டார்கள். சீட்டு எண் பொருந்த வேண்டும், சான்றொப்பம் வேண்டும். 2016-இல் ராதாபுரத்தில் 49 ஓட்டு வித்தியாசத்தில் இன்பதுரை ஜெயித்தார், அப்பாவு தோற்றார், 203 தபால் ஓட்டுகளை நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் சான்றொப்பம் இட்டார் என்பதற்காகத் தள்ளியிருந்தார்கள். அப்படித் தள்ளியது தவறு என்று உயர் நீதிமன்றம் சொல்லி மறு எண்ணிக்கை நடந்தது 2019 அக்டோபரில், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது, அந்த ஐந்தாண்டும் அப்படியே ஓடிப்போனது.

உறையை யார் திறக்கிறார்கள், எப்போது திறக்கிறார்கள் என்பதும் கணக்கில் சேர்ந்ததுதான். ஆஸ்திரியாவில் 2016 மே மாதம் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் 30,863 ஓட்டு வித்தியாசம். பல மாவட்டங்களில் தபால் உறைகளை நேரத்துக்கு முன்னாலும் உரிமை இல்லாதவர்களும் திறந்திருந்தார்கள். யாரும் ஓட்டை மாற்றியதற்கு ஆதாரமில்லை, ஆனாலும் நீதிமன்றம் ஜூலை 1 அன்று ரத்து செய்தது. அக்டோபரில் மறுதேர்தல் வைத்தால் உறையின் பசை சரியாக ஒட்டவில்லை! அதுவும் தள்ளிப்போய் டிசம்பர் 4-இல்தான் நடந்தது.

ஏஜெண்டாக உட்காரும் தம்பிகளுக்கு: டீ குடித்துவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பிவிடாதீர்கள். சீட்டுக் கணக்கை எழுதி முடிக்கும்வரை இருந்து, வாங்கியது, மிஞ்சியது, ரத்து, டெண்டர், பெட்டிக்குள் இருக்க வேண்டியது என்ற எண்களை நிறவாரியாகக் கேட்டு உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், எண்ணும் நாளன்று அந்த நோட்டை மறக்காமல் கொண்டுபோங்கள். காலையில் ஓட்டு ஆரம்பிக்கும் முன் காலிப் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள், பாருங்கள். எண்ணும் மேஜையில் கொட்டி முடித்த பிறகும் பெட்டியைக் கவிழ்த்து உள்ளே கையை விட்டுத் தடவிக் காட்டச் சொல்லுங்கள். நாலாய் மடித்த வெள்ளைச் சீட்டு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றால் மேலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது.