மேசையிலிருந்து திரைக்கு: போக்கர் ஆடுவோர் மாற்றிக்கொள்ள வேண்டியவை

மதுரை அண்ணாநகரிலோ கே.கே.நகரிலோ நண்பர் வீட்டு மொட்டை மாடியில் போக்கர் சீட்டாட்டம் பழகியவர்கள், கைப்பேசியில் ஆடத் தொடங்கும்முன் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருப்பதால், இங்கே சொல்வதெல்லாம் காசில்லாத இலவச சிப்ஸ் (பந்தய வில்லைகள்) வைத்து ஆடும் ஆட்டத்துக்கே பொருந்தும்.

முதல் மாற்றம் வேகம். நேரில் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 30 ஆட்டம் முடிந்தால், திரையில் அதன் இருமடங்கு வந்து விழும். தொடக்கத்தில் ஒரே மேசையில் மட்டும் அமருங்கள்.

எதிராளியின் முகம் தெரியாது என்பதால், அவர் எவ்வளவு கட்டுகிறார், எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பவற்றையே கவனிக்க வேண்டும். கட்டும் அளவைத்தான் நான் அதிகம் நம்புவேன். தாமதத்துக்கு நெட் சரியாகக் கிடைக்காததும் காரணமாக இருக்கலாம்.

கணக்குதான் இங்கே பெருந்துணை. உங்கள் கையில் இரண்டு ஆட்டின் (ஹார்ட்ஸ்), ஃப்ளாப்பில், அதாவது நடுவில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில், மேலும் இரண்டு ஆட்டின் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்காத 47 சீட்டுகளில் 9 ஆட்டின் இருப்பதால், அடுத்த சீட்டு ஆட்டினாக வரும் வாய்ப்பு 47இல் 9, அதாவது சுமார் 19 விழுக்காடு. நடுவில் 100 சிப்ஸ் இருக்கும்போது எதிராளி 50 வைத்தால், நீங்களும் 50 போட்டு மொத்தம் 200க்குப் போட்டியிடுகிறீர்கள். அதற்கு 25 விழுக்காடு வாய்ப்பாவது வேண்டும். ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) சேர்ந்தபின் அவரிடமிருந்து மேலும் சிப்ஸ் வாங்க முடியும் என்று தோன்றினாலொழிய, சீட்டைக் கவிழ்த்துவிடுங்கள்.

இலவச மேசைகளில் எதிராளி எவ்வளவு கட்டினாலும் பலர் கால் செய்வார்கள் (அதே அளவு போட்டுத் தொடர்வார்கள்) என்பதால், பிளஃப், அதாவது நல்ல சீட்டு இருப்பதுபோல் ஏமாற்றிக் கட்டுவது, அங்கே வீண். நல்ல சீட்டு வந்தால் தயங்காமல் பெரிதாகக் கட்டுங்கள்.